ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கிறது? இரண்டு இன்குபேஷன் மையங்கள், ஒரு மதிப்பீடு

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல் திரும்பி வரும் என்பதை டெல்டாக்காரர் எவருக்கும் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை. மூட்டைகளை ஏற்றிச் சென்று, நாள்கணக்கில் வரிசையில் காத்திருந்து, பிறகு அதே நெல்லைச் சாலையோரத்தில் கொட்டிக் காயவைக்கும் அவதியைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணத்தில், களத்திலேயே ஈரப்பதத்தை அளந்துகொள்ளக்கூடிய மலிவான கருவி ஒன்றைச் செய்யும் முயற்சியைப் பொறியியல் படிப்பின் இறுதியாண்டில் நாங்கள் மூவர் தொடங்கினோம். அந்த முயற்சியின் போக்கில், புத்தொழில் (ஸ்டார்ட்அப்) நிறுவனங்களுக்குக் கல்வி நிறுவனங்கள் அளிக்கும் சேவை எப்படிப்பட்டது என்பதை இரண்டு இடங்களில் காண நேர்ந்தது. ஒன்று, நாங்கள் படித்த கல்லூரியின் இன்குபேஷன் மையம், அதாவது புதிய தொழில் முயற்சிகளுக்கு இடமும் வழிகாட்டலும் தந்து வளர்த்துவிடும் அமைப்பு. அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மற்றொன்று, தொழில் நிறுவனங்கள் கல்வி நிறுவனத்தை ஒட்டியே இயங்குவதற்கென எழுப்பப்பட்ட, தரமணியில் உள்ள சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா. முன்னதில் ஒன்றரை ஆண்டு உறுப்பினராக இருந்தேன். பின்னதில் நான் விருந்தாளி மட்டுமே. நண்பர் பணிபுரிந்த சிறு நிறுவனம் அங்கே இயங்கியதால் பத்துப் பன்னிரண்டு முறை சென்று, நாள் முழுவதும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டே இந்த மதிப்பீட்டைப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் எங்கள் கல்லூரி. மையத்தின் திறப்பு விழாவுக்குக் குளிரூட்டப்பட்ட கூடம், வண்ண நாற்காலிகள், சுவர் முழுக்க உலகப் புகழ்பெற்ற தொழிலதிபர்களின் படங்கள் என்று எதிலும் குறை வைக்கவில்லை. ஓரத்தில் ஒரு முப்பரிமாண அச்சுப்பொறி இருந்தது. விழாவன்று அதற்குக் கட்டிய சிவப்பு நாடாவின் ஒரு துண்டு, நாங்கள் வெளியேறிய நாள் வரையிலும் அதன் காலில் முடிச்சோடு தொங்கிக்கொண்டிருந்தது. மேலே போர்த்திய பிளாஸ்டிக் உறையை எடுப்பதற்குத் துறைத்தலைவரின் கையெழுத்து வேண்டும். ஆனால் எங்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது அந்த அச்சுப்பொறி அன்று. நெல்லின் மின் பண்பை அளந்து ஈரப்பதத்தைக் கணிக்கும் கருவி, ரகத்துக்கு ரகம் வேறு எண்ணைக் காட்டும். ஆடுதுறை 43-க்குச் சரியாக இருப்பது சி.ஆர். 1009-க்குச் சரியாக இராது. ஆகவே ஒவ்வொரு ரகத்திலும் பல மாதிரிகளை எடுத்து, சூடான காற்று அடுப்பில் மணிக்கணக்கில் உலர்த்தி, எடை எவ்வளவு குறைந்தது என்று துல்லியத் தராசில் பார்த்து, அந்தக் கணக்கோடு கருவி காட்டும் எண்ணை ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். அடுப்பும் தராசும் எங்கள் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்திலேயே இருந்தன. ஆய்வகத்தின் சாவி உதவியாளரிடம் இருந்தது. அவர் மாலை நாலரை மணிப் பேருந்தைப் பிடிப்பவர். எங்கள் வகுப்பு முடிவது நான்கு மணிக்கு. அரை மணி நேரத்தில் நெல் எப்படிக் காயும்?

உதவியாளரைக் குறை சொல்வதற்கில்லை. கூடுதல் நேரம் இருந்தால் அவருக்கு ஊதியம் கொடுப்பதற்கான தலைப்பே மையத்தின் வரவுசெலவுக் கணக்கில் கிடையாது. கணக்கில் இருந்தவை கருத்தரங்குகள், நினைவுப் பரிசுகள், புகைப்படம். ஒன்றரை ஆண்டில் எங்களை மேடையேற்றி எங்கள் யோசனையை விளக்கச் சொன்ன நிகழ்ச்சிகள் பதினொன்று. எங்கள் கருவியைக் கையில் எடுத்துப் பார்த்த வழிகாட்டிகள் இருவர்.

இறுதியில் வந்தது ஒப்பந்தம். கூடத்தில் இரண்டு நாற்காலிகளுக்கும் இணைய இணைப்புக்கும் ஈடாக நிறுவனத்தில் 12 சதவீதப் பங்கு வேண்டும் என்றும், காப்புரிமை கல்லூரியின் பெயரில்தான் பதியப்படும் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் என மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட புத்தாக்க, புத்தொழில் கொள்கை, கல்வி நிறுவனம் எடுக்கும் பங்கு 9.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும், வழக்கமாக அதைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இதை மின்னஞ்சலில் சுட்டிக்காட்டியபோது பதில் வரவில்லை. எங்கள் அடையாள அட்டை மட்டும் அடுத்த பருவத்துக்குப் புதுப்பிக்கப்படவில்லை.

தரமணிக்கு வருவோம். சென்னை ஐ.ஐ.டி.யின் ஆராய்ச்சிப் பூங்கா 2010-இல் செயல்படத் தொடங்கியது. பல்கலைக்கழகம் ஒன்றைச் சார்ந்து இந்தியாவில் எழுந்த முதல் ஆராய்ச்சிப் பூங்கா அதுவே. ஸ்டான்ஃபோர்டில் 1951-இலும் கேம்பிரிட்ஜில் 1970-இலும் தொடங்கப்பட்ட பூங்காக்களின் வழியில், பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் முன்முயற்சியில் உருவான இந்த வளாகத்தின் கட்டிடப் பரப்பு ஏறத்தாழ 12 லட்சம் சதுர அடி. இங்கே இடம் பிடிக்கும் பெரிய நிறுவனங்கள் வாடகையைக் கட்டிவிட்டுச் சும்மா இருந்துவிட முடியாது. ஐ.ஐ.டி. மாணவர்களைப் பயிற்சிக்கு எடுப்பது, பேராசிரியர்களோடு கூட்டு ஆய்வு செய்வது போன்றவற்றுக்குப் புள்ளிகள் உண்டு. அந்தப் புள்ளிகளைக் குறித்த அளவுக்குச் சேர்த்தாக வேண்டும். வாடகைதாரரும் வீட்டுக்காரரும் பேசிக்கொள்வதை நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல் ஒப்பந்தத்திலேயே கட்டாயமாக்கிய இந்த ஏற்பாட்டைத்தான் அந்த இடத்தின் மிகப் பெரிய சிறப்பாக நான் கருதுகிறேன். அதன் பயனை உணவுக்கூடத்தில் காணலாம். ஒரு நாள் சாம்பார் சாதத்தோடு உட்கார்ந்திருந்த என் நண்பர், மின்கலத்தின் வெப்பத்தைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தபோது, எதிரே உண்டுகொண்டிருந்த முன்பின் அறியாத ஒருவர் காகிதக் கைக்குட்டையில் படம் வரைந்து வழி சொன்னார். பிறகுதான் அவர் வேறொரு தளத்தில் உள்ள பெரிய வாகன நிறுவனத்தின் பொறியாளர் என்று தெரிந்தது.

பூங்கா என்பது கட்டிடம். புத்தொழில் நிறுவனங்களைச் சேர்த்து வளர்ப்பது 2013-இல் பதிவான ஐ.ஐ.டி.யின் இன்குபேஷன் பிரிவு. அதற்கு முன்பே, 2006-இல், கிராமப்புறத் தொழில்நுட்பத்துக்கென ஓர் இன்குபேஷன் மையம் இங்கே இருந்தது. 2008-இல் தொடங்கப்பட்டு, இன்று குரல்சார் மென்பொருளில் உலகச் சந்தையில் நிற்கும் யூனிஃபோர் அங்கிருந்து முளைத்ததுதான். மாணவர்களுக்காக 2008-இல் முன்னாள் மாணவர்களின் நன்கொடையில் எழுந்த புத்தாக்க மையத்தையும் தனியே சொல்ல வேண்டும். அது முழுக்க மாணவர்களே நடத்தும் பட்டறை. அங்கே நள்ளிரவிலும் வேலை நடக்கும். என் பார்வையில் ஆராய்ச்சிப் பூங்காவின் கண்ணாடிக் கோபுரங்களைவிட அந்தப் பட்டறைக்கே மதிப்பு அதிகம். சாவி அங்கே மாணவன் கையில் இருக்கிறது.

ஆய்வகம் அருகில் இருப்பதால் என்ன நடக்கும் என்பதற்கு அக்னிகுல் நல்ல எடுத்துக்காட்டு. ஸ்ரீநாத் ரவிச்சந்திரன், மொயின், பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தி ஆகியோர் 2017-இல் தொடங்கிய அந்த நிறுவனம், ஒரே துண்டாக முப்பரிமாண முறையில் அச்சிட்ட எஞ்சின் பொருத்திய ராக்கெட்டைப் பலமுறை ஒத்திவைத்தபின் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுதளத்திலிருந்து செலுத்திக் காட்டியது. ராக்கெட் எஞ்சினை வாடகை வீட்டில் பற்றவைத்துப் பார்க்க முடியாது. அதற்கு எரிதல் ஆய்வுக்கென்றே கட்டப்பட்ட கூடம் வேண்டும், அளவுக் கருவிகள் வேண்டும், ஆண்டுக்கணக்கில் தீயோடு பழகிய பேராசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும். தேசிய எரிதல் ஆராய்ச்சி மையம் அதே வளாகத்தில் இருந்ததும், அதன் பேராசிரியரே பங்காளியாக வந்ததும் இல்லாமல் அந்த நிறுவனம் அவ்வளவு விரைவில் அந்த இடத்தை எட்டியிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஒவ்வொருவர் உடலுக்கும் ஏற்ற அளவில் சக்கர நாற்காலி செய்யும் நியோமோஷனின் கதையும் பேராசிரியர் சுஜாதா சீனிவாசனின் ஆய்வகத்தில்தான் தொடங்குகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. 2024-25 நிதியாண்டில் மட்டும் 104 நிறுவனங்களை அங்கே சேர்த்தார்கள். செய்தித்தாளுக்கு அழகான எண்தான். ஆனால் வழிகாட்டும் பேராசிரியருக்கும் நாளுக்கு இருபத்துநான்கு மணி நேரம்தானே. இரண்டாவதாக, ஆழமான தொழில்நுட்பம் இருக்கும் யோசனைகளுக்கே அந்த இடம் பொருந்தும். முறுக்கு, சீடையை இணையத்தில் விற்க நினைப்பவரோ கைத்தறிச் சேலைக்குச் செயலி செய்பவரோ அங்கே போய்ப் பெறக்கூடியது குறைவு. அவருக்குத் தேவையானது ஆய்வகம் அன்று, சந்தை. மூன்றாவதாக, வளர்ந்த பிள்ளைகள் வீட்டில் தங்குவதில்லை. 2013-இல் அந்த வளாகத்தில் பிறந்த மின்ஸ்கூட்டர் நிறுவனமான ஏத்தர், முதலில் மின்கலம் மட்டும் செய்ய நினைத்து, பிறகு முழு ஸ்கூட்டரையே செய்து, 2025 மே மாதம் பங்குச் சந்தையிலும் நுழைந்துவிட்டது. தொழிற்சாலை ஓசூரில் இருக்கிறது என்றாலும் தலைமையகம் பெங்களூருதான். இதைப் பல்கலைக்கழகத்தின் குறை என்பதைவிட, முதல் ஆய்வகத்துக்கும் முதல் பெரிய முதலீட்டுக்கும் இடையே இங்கே இருக்கும் இடைவெளி என்று சொல்வதே நியாயம்.

சென்னை எட்டாத ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. திருச்சியில் அன்றைய மண்டலப் பொறியியல் கல்லூரியைச் சார்ந்து 1986-இலேயே தொடங்கிய ட்ரெக்-ஸ்டெப், கோவையில் 1998 முதல் இயங்கும் பி.எஸ்.ஜி. ஸ்டெப் ஆகிய இன்குபேஷன் மையங்கள் இந்தத் துறையில் மூத்தவை. பட்டறை, வார்ப்பாலை, பம்புசெட் என்று கைவேலை தெரிந்த ஊரில் இருப்பது கோவைக்கு இயல்பாகவே வாய்த்த பலம்.

பணத்தைப் பற்றிப் பலர் தவறாகவே எண்ணியிருக்கிறார்கள். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் பிரயாஸ் திட்டத்தில் மாதிரிக் கருவி செய்ய 10 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. 2021-இல் வந்த ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதியில், யோசனையை மெய்ப்பிக்க 20 லட்சம் வரை மானியமும், சந்தைக்குச் செல்ல 50 லட்சம் வரை கடன் போன்ற வடிவிலும் கிடைக்கும். இவை அரசின் பணமே என்றாலும், அங்கீகாரம் பெற்ற இன்குபேஷன் மையத்தின் வழியாகத்தான் வந்து சேரும், அதுவும் தவணை தவணையாக. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டும் என்ற கதைதான். ஆகவே மையத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், கடந்த ஆண்டு அதன் வழியாக எத்தனை பேருக்கு இரண்டாம் தவணை போய்ச் சேர்ந்தது என்று கேளுங்கள். முதல் தவணையைப் புகைப்படத்தோடு எல்லோரும் கொடுப்பார்கள்.

மதிப்பெண் கேட்டால், தரமணிக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன். ஆய்வகம் தேவைப்படாத தொழிலாக இருந்தால் அதுவே இரண்டரை. எங்கள் கல்லூரி மையத்துக்கு ஒன்று. அதுவும் மின்வெட்டில்லாத அந்தக் கூடத்துக்காக. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் அதை நிறுவனச் செயலர் (கம்பெனி செக்ரட்டரி) ஒருவரிடம் காட்டியதற்கு எங்களுக்கு ஆன செலவு இரண்டாயிரம் ரூபாய். கையெழுத்துப் போடாமல் வெளியே வந்து, ஒரு வேளாண் ஆய்வகத்தில் மாதிரிக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி, ஆறு ரகங்களுக்குக் கருவியைத் திருத்தி முடித்திருக்கிறோம். அங்கே அடுப்பை இரவு முழுவதும் அணைப்பதில்லை. காலையில் போய் எடை பார்த்தால் போதும். அடுத்த குறுவை அறுவடைக்குள் முப்பது கருவிகளைக் களத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.