தேர்ச்சி குறைந்த குழுவில் சேரலாமா? சுங்கை சிப்புட் ஜேமிங் அறை ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் வழியில் உள்ள சுங்கை சிப்புட்டில், கடைவீட்டு வரிசை ஒன்றின் மேல்மாடியில் இயங்கும் ஜேமிங் அறையை, அதாவது இசைக்குழுக்கள் ஒத்திகை பார்க்கும் அறையைப் பற்றியது இந்த மதிப்பீடு. அறையையும் வாத்தியங்களையும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவதே இவர்களின் முதன்மைத் தொழில். அதோடு, வாசிக்கத் தெரிந்தும் குழு அமையாதவர்களைச் சனிக்கிழமை மாலைகளில் ஒன்றாக உட்கார வைத்து, ஒத்துப்போகிறவர்களைக் குழுவாக்கி விடும் சேவையையும் நடத்துகிறார்கள். நான் கோயில் திருவிழா மேடைகளிலும் கல்யாண விருந்துகளிலும் பல ஆண்டுகளாகக் கீபோர்டு வாசிப்பவன். இந்தச் சேவையின் வழியாக எனக்குக் கிடைத்த குழுவில் ஒருவரும் என் அளவுக்கு மேடை கண்டவர் இல்லை. ஆகவே, அறை எப்படி, கட்டணம் எவ்வளவு என்பதைவிட, தன்னைவிடத் தேர்ச்சி குறைந்தவர்களோடு சேர்ந்து வாசிக்கலாமா என்ற கேள்விக்கு இந்த இடம் எவ்வளவு தூரம் விடை தருகிறது என்பதையே நான் அதிகம் கவனித்தேன்.

கோலாலம்பூரில் இருப்பவருக்கு இந்தக் கேள்வி இவ்வளவு நெருக்கடியாக வராது. அங்கே ஒரு குழு சரிப்படாவிட்டால் இன்னொன்றைத் தேடிக்கொள்ளலாம். எல்பில், ஹீவுட், டோவன்பி என்று தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் பட்டணத்தில் நிலைமை வேறு. பால்மரம் எனும் ரப்பர் போய்ச் செம்பனை வந்த காலத்தில், தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்த குடும்பங்கள் பலவும் தாமான்கள் எனும் குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. நன்றாகக் கற்றுத் தேர்ந்தவர்கள் ஈப்போவிலும் கிள்ளானிலும் உள்ள குழுக்களோடு போய்விடுகிறார்கள். ஊரில் இருப்பவர்கள், உறுமி மேளத்தில் கை பழகிய இளைஞர்களும், யூடியூப் பார்த்துக் கிட்டார் பிடித்தவர்களும், பள்ளிப் போட்டிகளில் பாடியதோடு நின்றுபோனவர்களும்தாம். இவர்களோடு சேர்வதா, வாரந்தோறும் ஈப்போவுக்குப் போய் ஏற்கெனவே இரண்டு கீபோர்டுக்காரர்கள் இருக்கும் குழுவில் முறைக்குக் காத்திருப்பதா, அல்லது வீட்டில் தனியாகவே வாசித்துக்கொண்டிருப்பதா என்று முடிவெடுக்க வேண்டிய நிலை எங்களில் பலருக்கு உண்டு.

முதலில் குழுவைப் பற்றிச் சொல்கிறேன். ஆக்டோபேடு என்ற மின்னணுத் தாளக் கருவியை வாசிக்கும் தம்பி உறுமி மேளத்திலிருந்து வந்தவர். கையில் நல்ல அழுத்தம் இருக்கிறது. எண்ணிக்கையில் கவனம் இல்லை. பாட்டு நிமிடத்துக்கு 100 தட்டு என்ற காலப்பிரமாணத்தில் தொடங்கும். ஒவ்வோர் இடையிசை முடிந்து சரணத்துக்குத் திரும்பும்போதும் ஓர் உருட்டு உருட்டி, அந்த உருட்டிலேயே வேகத்தைச் சற்று ஏற்றிவிடுவார். இரண்டாம் சரணத்தில் அது 108-க்குப் போய் நிற்கும். எட்டு என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால், பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடைவெளியை அந்த எட்டுதான் தின்றுவிடுகிறது. கிட்டார்க்காரருக்கு எஃப் கார்டில், அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் அந்தப் பிடியில், ஆறு தந்தியும் சுத்தமாக ஒலிப்பதில்லை. பேஸ் கிட்டார் வாசிப்பவர் ஒவ்வொரு கார்டுக்கும் அதன் ஆதார ஸ்வரத்தை மட்டும் தட்டிவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பார். பாடுகிறவர் ஓர் ஆசிரியை. சுருதி பிசகாத குரல். ஆனால் எங்கே எடுப்பது என்பதற்கு இன்னொருவர் முகத்தைப் பார்ப்பார்.

இவற்றையெல்லாம் முதல் சந்திப்பிலேயே கண்டுகொண்ட ஒருவர் மரியாதையாக விடைபெற்றுப் போயிருக்கலாம். நான் போகாமல் இருந்ததற்குக் காரணம், இந்த அறையின் பல தடப் பதிவு வசதி. மிக்ஸரில் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனித் தடமாகப் பதிவாகிறது; ஒத்திகை முடிந்ததும், எல்லாத் தடங்களையும் சேர்த்த ஒரு கோப்பையும், தனித் தடங்களையும் குழுவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. தோட்டப் பட்டணத்து அறையொன்றில் இந்த வசதியை நான் எதிர்பார்க்கவில்லை, மனமாரப் பாராட்டுகிறேன்.

அடுத்த சனிக்கிழமை அந்தத் தம்பி வந்து உட்கார்ந்ததும், வணக்கம்கூடச் சொல்லாமல், "அண்ணே, ரெண்டாவது சரணத்துக்கு வர்ற எடத்துல நான்தான் ஓடுறேன் லா. தனியா கேட்டா அசிங்கமா இருக்கு. காதுல கிளிக் போட்டுக்கலாமா?" என்று கேட்டார். அறைப் பொறுப்பாளர், சீராகத் தட்டிக் காலம் காட்டும் மெட்ரோனோம் ஓசையை அவருடைய ஹெட்போனுக்கு மட்டும் பிரித்துக் கொடுத்தார். முதல் முறை கிளிக்கோடு மல்லுக்கட்டினார். உருட்டு முடியும் இடத்தில் கிளிக் பின்தங்கியதாக அவருக்குத் தோன்ற, நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினார். பிறகு உருட்டையே பாதியாகக் குறைத்து, முதல் தட்டில் சரியாக வந்து இறங்கினார். பாட்டு 100-லேயே நின்றது. டீச்சர் அந்த இடத்தில் நிதானமாக மூச்சு வாங்கிக்கொண்டு சரணத்தை எடுத்தார்.

நான் முடிவெடுத்தது அந்த இடத்தில்தான். குழுவில் சேர்வதா வேண்டாமா என்பதை அவர்களின் விரல் வேகத்தை வைத்து அளக்கக் கூடாது. தவறு நடந்தால் அது அவர்கள் காதில் விழுகிறதா, விழுந்தபின் திரும்பப் போய் அதைச் சரிசெய்கிறார்களா என்பதை வைத்தே அளக்க வேண்டும். முன்பு வேறோர் ஊரில் ஒரு குழுவோடு வாசித்திருக்கிறேன். அங்கே எல்லாரும் என்னைவிட விரைவாக வாசிப்பார்கள். ஆனால் ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்பதில்லை. பாட்டு எங்காவது தடம் புரண்டால், ஒலியைக் கூட்டிக்கொண்டு கடந்து போவார்கள். ஒத்திகைப் பதிவைக் கேட்டுப் பார்ப்போம் என்று சொன்னால் நேரமில்லை என்பார்கள். அந்தக் குழுவில் இருந்த காலத்தில் நான் எதையும் கற்றுக்கொண்டதாக நினைவில்லை. இங்கே எஃப் கார்டு பிடிக்க வராத கிட்டார்க்காரர், தன் தடத்தைத் தனியாகக் கேட்டுவிட்டு, நாலு கட்டைப் பாடலுக்கு, அதாவது எஃப் சுருதிப் பாடலுக்கு, கிட்டார் கழுத்தின் மூன்றாம் ஃபிரெட்டில் எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கேப்போவை மாட்டி, எளிய டி கார்டு வடிவத்தில் வாசிக்கலாமா என்று தானே கேட்கிறார். அப்படி வாசித்தால் எஃப் சுருதியே வந்துவிடும். கார்டுகளும் திறந்த தந்திகளில் கணீரென்று ஒலிக்கும். பாடகியின் சுருதியை மாற்றாமல் தன் குறையைச் சமாளிக்க வழி தேடுகிற ஒருவரோடு வாசிக்க எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

இப்படிப்பட்ட குழுவில் சேர்கிறவருக்குச் சில சிரமங்கள் உண்டு. அவற்றையும் சொல்லியாக வேண்டும். புல்லாங்குழல், வயலின், வீணை என்று எல்லா இடையிசையும் கீபோர்டுக்காரர் தலையில் விழும். பாட்டின் அமைப்பை எழுதிக் கொடுப்பதும் அவர் வேலையாகிவிடும். பேஸ் கிட்டார் மெலிந்திருப்பதால் இடது கையால் கீழ் ஸ்வரங்களை நிரப்பிவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் இரண்டு ஓசையும் ஒன்றோடொன்று மோதிக் குழம்பும், பேஸ்காரரும் கடைசிவரை வளரமாட்டார். இடது கையை எடுத்துவிட்டு, அவருக்கு ஆதார ஸ்வரத்தோடு பஞ்சமத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லிக் கொடுத்தால், சில வாரங்களில் அடித்தளம் தானாக நிமிர்கிறது. குறைவாக வாசித்துப் பாட்டை நிற்க வைப்பது எளிய வேலை அல்ல. தேர்ந்த குழுவில் அதற்கு அவசியமே ஏற்படுவதில்லை என்பதால், நம்மில் பலர் அதைப் பழகுவதும் இல்லை.

ஆனால் இழப்பும் உண்டு. நம்மைவிட நன்றாக வாசிப்பவர் பக்கத்தில் இருக்கும்போது விரல்கள் தாமாகவே உயரத்துக்கு முயலும்; இங்கே அந்த உந்துதல் கிடைக்காது. கடினமான தாளக் கணக்குள்ள பாடல்களை இந்தக் குழு இப்போதைக்குத் தொட முடியாது. ஆகவே வீட்டுப் பயிற்சியைக் குறைக்காமல் இருப்பவர்களும், முடிந்தபோது பெரிய குழுவோடு ஒரு மேடை ஏறி வரக்கூடியவர்களும் இதில் சேரலாம். தொழில்முறை மேடையையே முழு வருமானமாகக் கொண்டவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்கு நேரம்தான் முதல்.

இனி அறை. குளிர்சாதனம் நன்றாக வேலை செய்கிறது. பேராக்கில் மாலை மழை பெய்தாலே ஈரத்தில் டோலக்கின் தோல் தளர்ந்து ஓசை இறங்கிவிடும். குளிரூட்டிய அறையில் சற்று நேரத்தில் தோல் காய்ந்து ஓசை மறுபடி ஏறும். ஆகையால் டோலக், தபேலா கொண்டு வருகிறவர்கள் சீக்கிரமே வந்து, அறை குளிர்ந்தபின் சுருதி கூட்டுவது நல்லது. யமாஹா கீபோர்டு பழையதுதான். ஆனால் கட்டைகள் எதுவும் சிக்குவதில்லை. சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தானும் சரியாக இருக்கிறது. ரோலண்டு ஆக்டோபேடு நன்கு பராமரிக்கப்படுகிறது. கிட்டார் வயர்கள்தாம் மோசம். சற்று அசைந்தாலே கரகரக்கின்றன. சொந்த வயர் கொண்டு போவது உத்தமம்.

ஒலி விஷயத்தில் இவர்கள் இன்னும் கவனம் செலுத்த வேண்டும். சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி வைத்திருக்கிறார்கள். அது எதிரொலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தலாமே தவிர, ஓசை வெளியே போவதைத் தடுக்காது. பேஸ் ஓசையையோ சிறிதும் தடுக்காது. அதனால் கீழே இருக்கும் கடைக்காரர்களின் புகாருக்கு ஆளாகி, இரவு 10 மணிக்கு மேல் டிரம்ஸ் வாசிக்கத் தடை போட்டிருக்கிறார்கள். இதைவிட முக்கியமானது காது. 85 டெசிபல் ஓசையை நாளுக்கு 8 மணி நேரம்வரை கேட்கலாம் என்பது வேலையிடங்களுக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. கணக்குப் போட்டால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். சின்ன அறையில் டிரம்ஸும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்து ஒலித்தால் அந்த அளவைத் தொடுவது அதிசயமே இல்லை. முகப்பு மேசையில் காதடைப்பான் வைத்து விற்கிறார்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளும் வந்து போகும் இடத்தில் அதை இலவசமாகவே கொடுக்க வேண்டும் என்று பொறுப்பாளரிடம் நேரிலேயே கேட்டுக்கொண்டேன்.

ஒவ்வொருவர் ஹெட்போனுக்கும் ஓசையைத் தனியே பிரித்துக் கொடுக்கும் பிரிப்பான் இருப்பது, கோயில் மேடைக்குத் தயாராகிறவர்களுக்குப் பெரிய உதவி. ஓசை விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. 17 மீட்டர் தள்ளி வைத்த ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டு வாசித்தால், விநாடியில் இருபதில் ஒரு பங்கு பின்தங்கித்தான் காதுக்கு வரும். அனுபவமில்லாத குழுக்கள் திருவிழா மைதானத்தில் தாளம் தடுமாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எங்கள் குழு இப்போதே ஹெட்போனில் கேட்டு வாசிக்கப் பழகுவதால், மேடையில் தூரத்து ஓசையைப் பின்பற்றாமல் பக்கத்தில் வாசிப்பவரை நோக்கி வைத்திருக்கும் மானிட்டர் ஒலிபெருக்கியை நம்பும் பழக்கம் வந்துவிடும் என்று நம்புகிறேன்.

கட்டணம் மணிக்கு 35 வெள்ளி (ரிங்கிட்). ஐந்து பேர் பகிர்ந்தால் தலைக்கு 7 வெள்ளி. சனிக்கிழமைச் சேவையில் தனியாக வருகிறவருக்கு முதல் முறை இலவசம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: நிகழ்ச்சி கிடைத்தால் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பது. அனுபவம் உள்ளவருக்குக் கூடுதல் பங்கு வேண்டுமா, சமமாகப் பிரிப்பதா என்பதைப் பணம் கைக்கு வந்தபின் பேசினால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். நாங்கள் சமப் பங்கு என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம். கீபோர்டையும் ஸ்பீக்கர்களையும் ஏற்றிச் செல்லும் வேன் வாடகையை மட்டும் முதலில் கழித்துவிடுவோம். நானும் என் பக்கத்திலிருந்து இரண்டு நிபந்தனைகள் வைத்தேன். ஒத்திகைக்கு வருமுன் எல்லாரும் முந்தின பதிவைக் கேட்டிருக்க வேண்டும். ஆறு பாடல்கள் சுத்தமாக வரும்வரை எந்த நிகழ்ச்சியையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. இரண்டையும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டார்கள். இப்போது நான்கு பாடல்கள் தேறியிருக்கின்றன.

முன்பதிவுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினால் போதும், முன்பணம் கேட்பதில்லை. தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களிலும் ஆடி மாதத் திருவிழாக் காலத்திலும் மாலை நேரங்கள் சீக்கிரமே நிரம்பிவிடுகின்றன. அப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளைக் கேட்டுப் பாருங்கள். படிக்கட்டு குறுகலானது, மின்தூக்கி கிடையாது. கனமான வாத்தியம் கொண்டு வருகிறவர்கள் கூட ஓர் ஆளை அழைத்து வருவது நல்லது.