நிறுவனத்துக்கு ஒரு ரெல்ம்: கீக்ளோக்கில் எல்டாப் லாகின், நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு

மண்ணடியிலும் ராயபுரத்திலும் (சுங்கத்தில் சரக்கை விடுவிக்கும்) கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்கள், திருவொற்றியூரிலும் மணலியிலும் கன்டெய்னர் யார்டுகள். எல்லாருக்கும் ஒரே மென்பொருள், ஒரே சர்வர். டேட்டா மட்டும் தனித்தனி. விண்டோஸில் போடும் பாஸ்வேர்டே இதற்கும் போதும் என்றாக்க, ஒவ்வொரு நிறுவனத்தின் ஆக்டிவ் டைரக்டரியையும் (விண்டோஸ் யூசர் கணக்குகளை வைத்திருக்கும் பட்டியல்), லாகினைக் கவனிக்கும் மென்பொருளான கீக்ளோக்கோடு எல்டாப் (டைரக்டரியோடு பேசும் நெறிமுறை) வழியாக இணைத்திருக்கிறோம். இணைப்பது அரைநாள் வேலை. இணைத்தது சரியா என்பது ஆள் மாறும்போதுதான் தெரியும். இந்தத் தொழிலில் ஆள் மாறுவது சாதாரணம். போன மாதம் ஒரு ஏஜென்டிடம் டாக்குமென்ட் பார்த்தவர் இந்த மாதம் எதிர்வரிசை ஏஜென்டிடம் இருப்பார்.

ரெல்ம் என்பது கீக்ளோக்குக்குள் யூசர்களை வைக்கும் ஒரு தனி அறை. எல்லா டைரக்டரிகளையும் ஒரே ரெல்மில் போடவே கூடாது. ஒரு ரெல்முக்குள் ஒரு யூசர்நேம் ஒருவருக்குத்தான். 'செல்வம்' மூன்று அலுவலகத்திலும் இருப்பார், 'கேட்1' எல்லா யார்டிலும் இருக்கும். நிறுவனத்துக்கு ஒரு ரெல்ம் வைத்து, எந்த ரெல்ம் என்பதை இணைய முகவரியின் முன்பகுதியை வைத்தே முடிவு செய்ய வேண்டும். யூசரையே நிறுவனத்தைத் தேர்வு செய்யச் சொன்னால் தவறான இடத்தில் பாஸ்வேர்டைத் தட்டுவார்கள்.

இணைப்புக்கு 636-ஆம் போர்ட், எல்டாப்ஸ் (மறையாக்கப்பட்ட எல்டாப்). முகவரியில் ஐபி எண் கூடாது. டொமைன் கன்ட்ரோலர் (ஆக்டிவ் டைரக்டரி ஓடும் சர்வர்) சான்றிதழில் உள்ள பெயரே இருக்க வேண்டும், இல்லையென்றால் டிஎல்எஸ் (மறையாக்க இணைப்பு) சரிபார்ப்பிலேயே நின்றுவிடும். எடிட் மோட் 'ரீட் ஒன்லி', அதாவது கீக்ளோக் டைரக்டரியைப் படிக்க மட்டும் செய்யும். தேடல் வரம்பு 'சப்ட்ரீ'. 'ஒன் லெவல்' என்று விட்டால் உள் ஓயூக்களில் (டைரக்டரியின் உட்பிரிவுகளில்) இருப்பவர்கள் வரமாட்டார்கள். அடையாள அட்ரிபியூட்டாக (ஆளை அடையாளம் காணும் புலம்) ஆப்ஜெக்ட் ஜியூஐடியையே, அதாவது ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் டைரக்டரி தரும் தனி எண்ணையே வையுங்கள். கல்யாணமாகி இனிஷியல் மாறினாலும், லாகின் பெயரே மாறினாலும் அது மாறாது. போனவருடைய லாகின் பெயரைப் புதியவருக்குக் கொடுக்கும் பழக்கம் பல அலுவலகங்களில் உண்டு. பெயரை வைத்து அடையாளம் கண்டால், பழையவர் போட்ட என்ட்ரிகளெல்லாம் புதியவர் தலையில் விழும்.

டைரக்டரியைப் படிக்கும் சர்வீஸ் அக்கவுண்டுக்கு அட்மின் உரிமை எதுவும் வேண்டாம்; சாதாரண டொமைன் யூசர் போதும். ஆனால் ஆக்டிவ் டைரக்டரியில் பாஸ்வேர்டின் ஆயுள், அந்த அமைப்பை மாற்றாமல் விட்டால், 42 நாள். இந்த அக்கவுண்டுக்குக் காலாவதி இல்லை என்று குறிக்காவிட்டால் ஒன்றரை மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடும். பிறகு ஒருநாள் காலை அந்த நிறுவனத்தில் ஒருவரும் உள்ளே போக முடியாது. லாகில் (சர்வரின் பதிவுக் கோப்பில்) பிழை 49-ஐ மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், அதன் பின்னால் வரும் எண்தான் காரணத்தைச் சொல்லும்: 52e தவறான பாஸ்வேர்ட், 532 காலாவதி, 533 முடக்கப்பட்டது, 775 பூட்டப்பட்டது.

அடுத்தது மின்னஞ்சல். சின்ன அலுவலகத்தில் ஐந்து பேருக்கும் ஒரே மெயில் ஐடி இருக்கும், அதையே டைரக்டரியிலும் எல்லார் பெயரிலும் போட்டிருப்பார்கள். முதல் ஆள் இம்போர்ட் ஆவார், மற்ற நால்வரும் தோற்பார்கள். ரெல்மில் ஒரே மெயிலைப் பலருக்கு அனுமதிக்கும் வசதி இருக்கிறது, மெயிலால் லாகின் செய்வதை அணைத்தால்தான் அது இயங்கும். பொது மெயிலை டைரக்டரியிலிருந்தே எடுத்துவிடுவது இதைவிட நல்லது.

வேலையை விட்டுப் போனவரை எப்படித் தடுப்பது என்பதில்தான் பெரிய ஓட்டை. யூசர் அக்கவுண்ட் கன்ட்ரோல் (அக்கவுண்டின் நிலையைச் சொல்லும் டைரக்டரி எண்) மதிப்பு 514 என்றால் முடக்கப்பட்டது என்று எங்கோ படித்து, 514 இல்லாதவர்களை மட்டும் எடு என்று ஃபில்டர் எழுதுகிறார்கள். பாஸ்வேர்ட் காலாவதி ஆகாதபடி வைத்த அக்கவுண்டை முடக்கினால் மதிப்பு 66050. அது ஃபில்டரைத் தாண்டி உள்ளே வந்துவிடும். முழு எண்ணை ஒப்பிடாமல், முடக்கத்தைக் குறிக்கும் 2 என்ற பிட் இருக்கிறதா என்று பார்க்கும் விதியைப் போட வேண்டும். இதோடு கீக்ளோக்கின் எம்எஸ்ஏடி மேப்பரையும் (டைரக்டரியின் முடக்க நிலையைக் கீக்ளோக்குக்குக் கொண்டுவரும் அமைப்பு) சேருங்கள். கேஷ் (யூசர் விவரத்தின் தற்காலிகப் பிரதி) ஆயுளை 3,00,000 மில்லிசெகண்ட், அதாவது 5 நிமிடத்துக்குக் குறையுங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் செஷன் (லாகின் அமர்வு) இதனால் உடனே மூடாது. ஆள் போன அன்றே டைரக்டரியில் முடக்கிவிட்டு, ரெல்மின் செஷன் பக்கத்துக்குப் போய் வெளியேற்றவும் வேண்டும்.

கேட், பில்லிங் போன்ற உரிமைகளை டைரக்டரி குரூப்பிலிருந்து எடுப்பது நன்றாக வேலை செய்கிறது. குரூப்புக்குள் குரூப் வைத்தால் மெம்பர்-ஆஃப் அட்ரிபியூட் நேரடியானதை மட்டுமே காட்டும். உள் குரூப்களையும் தேடும் ரிகர்சிவ் தேடல் இருந்தாலும் அது மெதுவானது. ஒரே அடுக்கில் வைத்துக்கொள்வதே மேல்.

ரீட் ஒன்லியில் பாஸ்வேர்ட் கீக்ளோக்கில் சேமிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு லாகினிலும் டைரக்டரியைத்தான் கேட்கும். யார்டில் மின்சாரம் போய் டொமைன் கன்ட்ரோலர் விழுந்தால் நள்ளிரவு ஷிப்டுக்கு வருபவர் நுழைய முடியாது, வாசலில் டிரெய்லர்கள் நிற்கும். இரண்டு கன்ட்ரோலர்களின் முகவரியையும் இடைவெளி விட்டு ஒரே கட்டத்தில் எழுதி, கனெக்ஷன் டைம்அவுட்டை 3,000 மில்லிசெகண்ட் வையுங்கள். டைம்அவுட் இல்லையென்றால் முதல் கன்ட்ரோலரின் பதிலுக்காகவே லாகின் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும். இவற்றுக்கும் மேல், டைரக்டரியைச் சாராத ஒரு அவசர அக்கவுண்டை ஒவ்வொரு ரெல்மிலும் வைத்து, கேட் என்ட்ரி உரிமை மட்டும் கொடுத்து, பாஸ்வேர்டை உறையிலிட்டு ஷிப்ட் சூப்பர்வைசரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.