திறக்காத டிரான்ஸ்பர் கேஸுக்கு ஓவர்ஹால் பில்: பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருந்தால், அடுத்த முறை பட்டறையில் விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். டிரான்ஸ்பர் கேஸை, அதாவது இன்ஜின் சக்தியை முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் பிரித்துத் தரும் கியர் பெட்டியை, முழுக்கப் பிரித்து ஓவர்ஹால் செய்ததாகச் சொல்லி என்னிடம் பெரிய தொகை வாங்கினார்கள். அந்தப் பெட்டியை அவர்கள் திறக்கவே இல்லை. பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை. அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பது தெரிந்தால்தான் இன்னொரு இடத்தில் உங்களால் கண்டுபிடிக்க முடியும்.

வண்டியில் இருந்த குறைகள் இவை. ஃபோர் வீலில் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டினால் லீவர் இறுகிவிடும், திரும்ப டூ வீலுக்கு வராது. ஓரளவு வேகத்தில் போகும்போது முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் கையில் நிற்காமல் உதறும். பின் ஆக்ஸிலில் ஆயில் கசிவு. பட்டறைக்காரர் வண்டிக்கு அடியில் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு, "டிரான்ஸ்பர் கேஸ் கியர் எல்லாம் தேய்ஞ்சுபோச்சு, பேரிங்கும் போச்சு, இறக்கித்தான் ஆகணும்" என்றார். ஸ்டீயரிங்குக்கு டேம்பர் மாற்ற வேண்டும், கசிவுக்கு சீல் மாற்ற வேண்டும் என்றும் சொன்னார்.

வண்டி திரும்பி வந்தபோது டிரான்ஸ்பர் கேஸ் வெள்ளி நிறத்தில் புதுசு மாதிரி பளபளத்தது. ஸ்டீயரிங் அமைதியாக இருந்தது. கசிவும் இல்லை. சில வாரங்களில் மூன்றும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

அப்புறம் வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பழைய வண்டிகளிலேயே கை பழகியவர். ஸ்பேனரை எடுக்கும் முன் ஸ்க்ரூடிரைவர் முனையால் அந்த வெள்ளி பெயிண்டைச் சுரண்டிக் காட்டினார். பெயிண்டுக்கு அடியில் காய்ந்த சேறு அப்படியே இருந்தது. போல்ட் தலைகளில் ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் பழைய பேக்கிங்கின் ஓரமும், அதில் ஒட்டியிருந்த அழுக்கும், அதன் மேல் பெயிண்டும். பெட்டியைப் பிரித்திருந்தால் அந்தச் சேறு அங்கே இருக்க வழியே இல்லை. ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

சரி, லீவர் ஏன் இறுகியது? டயர்தான் காரணம். நான் வாங்கும்போதே வண்டியில் பின்னால் புது டயரும் முன்னால் தேய்ந்த டயரும் இருந்தன. பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவில், அதாவது தேவைப்படும்போது மட்டும் லீவரைப் போட்டு நான்கு சக்கரத்தையும் இயக்கும் வகையில், இரண்டு ஆக்ஸிலும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. லீவரைப் போட்டதும் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்பட்டுவிடும். டயர் ஒரு சுற்றுக்குப் பின்னால் 2.30 மீட்டரும் முன்னால் 2.25 மீட்டரும் உருளுகிறது என்று வையுங்கள். ஒரு கிலோமீட்டரில் முன்சக்கரம் ஏறக்குறைய 10 சுற்று அதிகம் சுற்ற வேண்டும். பூட்டியிருப்பதால் சுற்ற முடியாது. அந்த வித்தியாசம் முழுக்க ஷாஃப்டிலும் கியரிலும் முறுக்காகச் சேரும். சேற்றிலும் மணலிலும் சக்கரம் வழுக்கி முறுக்கைத் தளர்த்திக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் அதற்கு வழியில்லை, கியர் பல் இறுகி லீவர் அசையாது. நான்கு டயரும் ஒரே அளவாக இருந்தாலும் காய்ந்த சாலையில் ஃபோர் வீலில் திரும்பினால் இதே கதைதான், ஏனென்றால் திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட பாதையில் போகின்றன.

இதைச் சோதிக்க யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். லீவர் இறுகினால் ஸ்டீயரிங்கை நேராக வைத்துக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்கள். முறுக்கு தளர்ந்து லீவர் வந்துவிட்டால், "கியர் போச்சு" என்ற பேச்சை நம்புவதற்கு முன் டயரை அளந்துவிடுங்கள். காற்று அழுத்தத்தைச் சரியாக வைத்து, டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு சுற்று உருட்டி நீளத்தை அளந்தால் போதும். என் வண்டிக்கு ஒரே அளவு டயர் போட்டதும் லீவர் ஒரு விரலில் வருகிறது.

ஸ்டீயரிங் விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது. ஸ்டீயரிங் டேம்பர் என்பது உதறலை உறிஞ்சும் ஒரு ஷாக் அப்சார்பர். ஆட்டம் எங்கிருந்து வருகிறதோ அதை அது சரிசெய்யாது, மறைத்து வைக்கும். உள்ளே தேய்மானம் வளர்ந்துகொண்டே இருக்கும், டேம்பர் ஓய்ந்ததும் முன்பைவிட மோசமாக உதறும். என் வண்டியில் கிங்பின் பேரிங் தளர்ந்திருந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அதுதான் கிங்பின். முன்சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரிந்துவிடும். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் பக்கம். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்டின், அதாவது ஸ்டீயரிங் கம்பி சக்கரத்தோடு சேரும் மூட்டின், தளர்ச்சி தெரியும். இதைச் செய்யாமலே டேம்பரை மாற்றச் சொல்லும் இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

தூக்கும்போது ஒரு எச்சரிக்கை. பல பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இருக்காது, டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கும். அப்படிப்பட்ட வண்டியில் ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினால் டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் தாராளமாகச் சுற்றும், வண்டியும் உருளும். எந்தச் சக்கரத்தைத் தூக்கினாலும் தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள்.

கசிவுக்கு சீல் மாற்றியது உண்மை. ஆனால் ஆக்ஸிலின் மேலே இருக்கும் பிரீதர் (உள்ளே இருக்கும் காற்று போய்வரும் சின்ன துவாரம்) சேற்றால் அடைத்திருந்ததை அவர்கள் தொடவில்லை. ஓடும்போது ஆக்ஸில் சூடாகி உள்ளே காற்று விரியும். வெளியேற வழி இல்லாவிட்டால் ஆயிலை சீல் வழியாகத் தள்ளும். சூடான ஆக்ஸில் தண்ணீரில் இறங்கினால் நேர்மாறாக, உள்ளே வெற்றிடம் உண்டாகி தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். பிரீதரைக் கழற்றிக் கழுவிப் போட்ட பிறகு எனக்குக் கசிவு இல்லை.

ஆயில் மாற்றுவதைப் பற்றி எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. வடிக்கும் பிளக்குக்கு முன் ஊற்றும் பிளக்கைக் கழற்றுங்கள். பழைய வண்டியில் அது துருப்பிடித்து வராமல் போகலாம். வடித்த பிறகு அது தெரிந்தால் வண்டி அங்கேயே நிற்கும். பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம், துண்டு துண்டாக உலோகம் இருந்தால்தான் கவலை. எல்லாப் பெட்டிக்கும் ஒரே ஆயிலை ஊற்றவும் விடாதீர்கள். ஆக்ஸிலில் உள்ள ஹைப்பாய்டு (பற்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிச் சுழலும் வகை) டிஃபரன்ஷியலுக்குப் பொதுவாக ஜிஎல்-5 என்ற தரத்து கியர் ஆயில் வேண்டும். ஆனால் பல பழைய கியர் பாக்ஸ்களுக்கு ஜிஎல்-4 தான் சொல்லியிருக்கும். சில ஜிஎல்-5 ஆயில்களில் உள்ள கந்தகச் சேர்மானம் கியர் மாற்றும்போது வேகத்தைச் சமன்செய்யும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கும். வண்டியின் கையேட்டில் போட்டிருப்பதே கணக்கு.

இன்னொரு சேதமும் செய்திருந்தார்கள். டிரான்ஸ்பர் கேஸிலிருந்து ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பிராப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி மாட்டும்போது அடையாளம் வைக்காமல், அதன் நீளம் கூடிக் குறைய இடம் கொடுக்கும் ஸ்லிப் ஜாயிண்டை ஒரு பல் தள்ளிச் செருகியிருக்கிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள கவை வடிவ யோக்குகள் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். தவறினால் வேகத்தில் வண்டி அதிரும், யோக்குகளை இணைக்கும் சிலுவை வடிவ கிராஸ் சீக்கிரம் போகும். முன்பு இல்லாத இந்த அதிர்வுக்கு, "பழைய வண்டின்னா அப்படித்தான் சார்" என்றார்கள். அந்த வாக்கியத்தை எந்த மெக்கானிக் சொன்னாலும் காரணத்தைக் கேளுங்கள்.

வேலைக்கு விடுவதற்கு முன் நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். பிரிக்க வேண்டிய பெட்டியில் போல்ட்டுக்கும் பெட்டிக்கும் குறுக்கே பெயிண்டால் மெல்லிய கோடு போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறேன். கழற்றி மாட்டினால் கோடு பழையபடி சேராது. பெட்டி திறந்த நிலையில் என்னை அழைக்க வேண்டும், மாற்றிய பாகங்கள் என் கைக்கு வர வேண்டும், பில்லில் "ஓவர்ஹால்" என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதில் பேரிங் எண் உட்பட ஒவ்வொரு பாகமும் இருக்க வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்கிவிடுகிறேன். நேர்மையான மெக்கானிக் யாரும் இதற்கு முகம் சுளித்ததில்லை. அடியில் பெயிண்டோ கறுப்புக் கோட்டிங்கோ இலவசமாக அடித்துத் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். துருவின் மேல் அடித்த கோட்டிங் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். சேசிஸில் ஸ்பிரிங் மாட்டும் இடங்களைச் சுத்தியால் தட்டிப் பார்த்து, மந்தமான சத்தம் வரும் இடத்தை முதலில் கவனியுங்கள்.

அந்தப் பட்டறைக்குத் திரும்பிப் போய்த் தேய்ந்த கியரைக் காட்டச் சொன்னேன். பழைய இரும்புக்குப் போட்டாச்சு என்றார்கள். புதுக் கியர் வாங்கிய பில் கேட்டேன், பதில் இல்லை. சுரண்டிய பெயிண்டின் படங்களைக் காட்டிய பிறகு, வண்டியை விட்டுப் போங்கள், இலவசமாகத் திறந்து பார்க்கிறோம் என்றார்கள். ஒப்புக்கொள்ளவில்லை. திறந்துவிட்டால் திறக்கவில்லை என்பதற்கான சாட்சியும் போய்விடும். புகாரை எழுத்தில் கொடுத்து, இரண்டாவது மெக்கானிக்கின் குறிப்பையும் படங்களையும் இணைத்தேன். பணத்தில் ஒரு பகுதி வந்தது, மீதியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.