தி பிட் முதல் சீசன் கடைசி எபிசோட்: பலமுறை பார்த்தப்புறம் எழுதுறது

தி பிட்ங்குற அமெரிக்க டிவி சீரியலோட முதல் சீசன் கடைசி எபிசோட் 2025 ஏப்ரல் 10 அன்னிக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் தனியா, வீட்டு ஆளுங்களோட, முழுசா, துண்டு துண்டான்னு எல்லா விதத்துலயும் பார்த்தாச்சு. வந்த வாரமே சுடச்சுட எழுதுற ரிவ்யூ ஒரு ரகம், கொஞ்ச நாள் போயி எது மனசுல தங்குச்சு எது உதிர்ந்து போச்சுன்னு தெரிஞ்சப்புறம் எழுதுறது இன்னொரு ரகம், இது ரெண்டாவது ரகம். கதை முழுக்க சொல்லித்தான் பேசப்போறேன், இன்னும் பார்க்காதவங்க பார்த்துட்டு வந்து படிங்க ப்ளீஸ்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. பிட்ஸ்பர்க் ஊர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரி, அதோட எமர்ஜென்சி வார்டு, காலைல ஏழு மணிக்கு ஷிப்ட் ஆரம்பிக்குது, ஒரு எபிசோட் ஒரு மணி நேரம், மொத்தம் 15 எபிசோட், அதாவது சீசன் முழுக்க ஒரே ஒரு நாள்தான். சீனியர் டாக்டர் ராபி ரோல்ல நோவா வைலி, 94ல ஆரம்பிச்ச ஈஆர் சீரியல்ல சின்னப் பையன் டாக்டரா வந்தாரே அவரேதான். அன்னிக்குத்தான் ராபியோட குரு டாக்டர் ஆடம்சன் கோவிட்ல இறந்துபோன நாள், வருஷா வருஷம் அந்தத் தேதில லீவு போடுறவர் இந்த வருஷம் வேலைக்கு வந்துட்டார். இது முதல் எபிசோட்லயே நமக்குத் தெரிஞ்சுடுது, ஆனா மனுஷன் உக்காந்து அழுறதுக்கு அவருக்கு பத்து நிமிஷம் கூட யாரும் குடுக்கல, ஒரு கேஸ் முடிஞ்சா அடுத்த கேஸ், நடுவுல பாத்ரூம் போகக்கூட விட மாட்டேங்குறாங்க. சாயங்காலம் ஒரு இசை விழால துப்பாக்கிச் சூடு நடந்து அடிபட்டவங்க அலை அலையா வர்றாங்க, அதுல அவரு மகன் மாதிரி வளர்த்த ஜேக்கோட கேர்ள்ஃப்ரெண்ட் லியாவும் ஒருத்தி, அவளை காப்பாத்த முடியல. ஏன் முடியலன்னு ஜேக் கேட்கிற கேள்வில மனுஷன் உடைஞ்சு போறார். அது 13வது எபிசோட்.

சாதாரணமா ஒரு சீரியல் அந்த துப்பாக்கிச் சூட்டோட முடிஞ்சிருக்கும், இல்ல கடைசி எபிசோட்ல இன்னும் பெருசா ஒண்ணு, லிஃப்ட் விழுறது, ஆஸ்பத்திரில தீ, முக்கியமான டாக்டர் யாராச்சும் சாகுறதுன்னு கொண்டு போயிருப்பாங்க. இவங்க என்ன பண்ணாங்கன்னா எல்லாம் முடிஞ்சதுக்கப்புறம் இருக்குற அந்த கடைசி ஒரு மணி நேரத்தை மட்டும் தனியா எடுத்து வெச்சிருக்காங்க. தரையைத் துடைக்கிறாங்க, கவுனைக் கழட்டிப் போடுறாங்க, நைட் ஷிப்ட்டுக்கு கேஸைச் சொல்லி ஒப்படைக்கிறாங்க. எனக்கு இந்த ஃபினாலே இவ்வளவு நாளா கூடவே இருக்குறதுக்கு இதுதான் காரணம். ஒரு வீட்ல சாவு விழுந்தா காரியம் முடியுற வரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகாது, பந்தல்காரனுக்கு காசு குடுக்கணும், ஊர்ல இருந்து வர்றவங்களுக்கு சாப்பாடு சொல்லணும், ஐயருக்கு போன் பண்ணணும், கை ஓடிக்கிட்டே இருக்கும், பதினாறாம் நாள் எல்லாரும் கிளம்பிப் போனப்புறம்தான் வீட்டோட வெறுமை மூஞ்சில அடிக்கும். அந்தப் பதினாறாம் நாள் சாயங்காலம்தான் இந்த எபிசோட், இதுக்கு மேல எனக்கு சொல்லத் தெரியல.

ஒவ்வொருத்தரும் எப்படி எப்படி உடையுறாங்கன்னு பாருங்க. நாள் முழுக்க, துப்பாக்கிச் சூடு கேஸ்ல கூட நின்னு நிதானமா தைரியமா வேலை பார்த்த டாக்டர் சமீரா மோகன் வேலை முடிஞ்சதும் பாத்ரூம்ல போய் அழறா. அவளுக்கு 13 வயசா இருக்கும்போது அவ அப்பா இறந்துபோனார், அதனாலதான் ஒவ்வொரு பேஷண்ட் கிட்டயும் அவ்ளோ நேரம் உக்காந்து பேசுறா, எல்லாரும் அவளை ஸ்லோன்னு கிண்டல் பண்றாங்க, ஆனா அந்தப் பொண்ணு எதுக்கு நேரம் எடுத்துக்குறான்னு நமக்குத் தெரியும். நர்ஸுங்களுக்கெல்லாம் பொறுப்பா இருக்குற சார்ஜ் நர்ஸ் டேனா, பகல்ல ஒரு பேஷண்ட் கிட்ட மூஞ்சில குத்து வாங்குனவங்க, தன் மேசைல ஒட்டியிருந்த போட்டோவை எல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துப் பையில வைக்கிறாங்க. வசனம் ஒண்ணும் பெருசா கிடையாது. எத்தனை வருஷ வேலை அந்த மேசைல இருக்குன்னு அந்தக் கை போற வேகத்துலயே தெரியும். டேனாவா நடிச்ச கேத்தரின் லனாசாவுக்கு இந்த ரோலுக்காக எம்மி விருது கிடைச்சப்போ எனக்கு அந்த சீன்தான் ஞாபகம் வந்துச்சு.

அப்புறம் மொட்டை மாடி. முதல் எபிசோட்ல நைட் ஷிப்ட் டாக்டர் ஆபட் கம்பிக்கு அந்தப் பக்கம் நிக்கிறார், ராபி போய் பேசிக் கூட்டிட்டு வர்றார். கடைசில ராபி நிக்கிறார், ஆபட் வர்றார். எழுதி வெச்சா ரொம்ப கணக்கு போட்டு பண்ண மாதிரி தெரியும், பார்க்கும்போது அப்படித் தெரியவே தெரியாது, காரணம் ஆபட் தேத்துறதே இல்ல. எல்லாம் சரியாயிடும்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். நான் உடைஞ்சு போயிட்டேன்னு ராபி சொல்றப்போ அதை மறுக்கவும் மாட்டார், பக்கத்துல நின்னுக்கிட்டு நீ அங்க இருந்தல்ல, உன்னால முடிஞ்சதை செஞ்சல்லங்குற மாதிரி பேசிக்கிட்டே இருப்பார். பின்னணி இசை இந்த சீரியல்ல கிட்டத்தட்ட இல்லவே இல்ல, அதனால எங்க அழணும்னு யாரும் நமக்கு சைகை காட்டுறதில்ல. பின்னணி இசையோட பார்த்துப் பழகுனவங்களுக்கு முதல்ல இது வெறுமையா இருக்கும், ரெண்டாவது தடவை பார்க்கும்போதுதான் அந்த அமைதியோட அருமை தெரியும்.

அப்புறம் பார்க்ல உக்காந்து எல்லாரும் பீர் குடிக்கிறாங்க, ஆபட் பேன்ட்டை மேல தூக்கி செயற்கைக் காலைக் கழட்டுறார். 15 எபிசோட்ல ஒருத்தர் கூட அதைப் பத்தி வாயைத் திறக்கல. தன் ரத்தத்தையே பையில இறக்கிக்கிட்டு அதே நேரம் இன்னொருத்தருக்கு வைத்தியம் பார்த்த மனுஷன் அவர். ராணுவத்துல இருந்தவர்னு முன்னாடியே தெரியும், ஆனா காலைப் பத்தின தகவலை கடைசி வரைக்கும் கையில வெச்சிருந்து, அதையும் பரிதாபத்துக்காக இல்லாம, ஒருத்தர் வேலை முடிஞ்சு ஷூவைக் கழட்டுற மாதிரி சாதாரணமா காட்டிட்டுப் போறாங்க. ஆபட்டா நடிச்ச ஷான் ஹடோசிக்கு கெஸ்ட் நடிகருக்கான எம்மி கிடைச்சது ரொம்ப நியாயம்.

குடும்பம்னு பார்த்தா இந்த எபிசோட் ரெண்டு விதமான குடும்பத்தைக் காட்டுது. பயிற்சிக்கு வந்த முதல் நாள்லயே ஒரு பேஷண்டை இழந்த மருத்துவ மாணவன் விட்டேக்கர், ஆஸ்பத்திரில காலியா கிடக்குற ஒரு வார்டுல திருட்டுத்தனமா தங்கியிருக்கான், வேற இடம் இல்ல. அதைக் கண்டுபிடிக்கிறது யாருன்னு பார்த்தா நாள் முழுக்க அவனைக் கிண்டல் பண்ணிக்கிட்டே இருந்த பயிற்சி டாக்டர் சாண்டோஸ், என் வீட்ல ஒரு ரூம் இருக்கு வான்னு கூப்பிடுறா. அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் உயிரை மாய்ச்சுக்க நினைச்ச ஒரு பேஷண்ட் கிட்ட உக்காந்து தன் ஃபிரண்டை அப்படி இழந்ததைப் பத்திப் பேசியிருப்பா, அதனால இந்த ரூம் விஷயம் திடீர்னு வந்த நல்லெண்ணமா தெரியாது. டாக்டர் மெல் தன் கூடப்பிறந்தவ தங்கியிருக்குற பராமரிப்பு சென்டருக்குப் போய் அவளைக் கூட்டிக்கிட்டுப் போறா, அவ்ளோதான் சீன், அவ்ளோ பெரிய நாளுக்கப்புறம் ஒருத்திக்கு போய்ச் சேர ஒரு ஆள் இருக்கு.

இன்னொரு பக்கம் ராபிக்குக் கீழ வேலை பார்க்குற டாக்டர் லாங்டன். மாத்திரைத் திருட்டு மாட்டிக்கிட்டப்புறம் ராபி அவனை வெளிய அனுப்பியிருப்பார், கடைசி எபிசோட்ல ரெண்டு பேரும் நேருக்கு நேர் மோதுறாங்க, நீயும்தான் இன்னிக்கு உடைஞ்சு போனேன்னு லாங்டன் சொல்றப்போ அண்ணன் தம்பி சண்டைல வர்ற வார்த்தை மாதிரி இருக்கும், எங்க குத்துனா வலிக்கும்னு தெரிஞ்சு குத்துறது. துக்கத்துல இருக்குறவங்க ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடிச்சு அழுறதைத்தான் எல்லாரும் எடுக்குறாங்க, கடிச்சுக்குறதை இவங்கதான் எடுத்திருக்காங்க.

எங்க வீட்டு விஷயம் கொஞ்சம் சொல்லணும், இல்லன்னா எனக்கு இது ஏன் இவ்ளோ முக்கியம்னு புரியாது. அப்பா ஐசியூல இருந்தப்போ வென்டிலேட்டர் வைக்கவா வேண்டாமான்னு கேட்டாங்க. அண்ணன் வைங்கன்னான், நான் அப்பா வேண்டாம்னு சொல்லியிருக்காருன்னேன், அம்மா ஒண்ணுமே பேசாம அப்பா பாதத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. அண்ணன் கையெழுத்து போட்டான். அதுக்கப்புறம் ரொம்ப நாள் நாங்க ரெண்டு பேரும் சரியா பேசிக்கல. இந்த சீரியல்ல முதல் நாலு எபிசோட்ல ஸ்பென்சர்னு ஒரு பெரியவர் வருவார், எனக்கு மெஷின் வேண்டாம்னு முன்னாடியே எழுதி வெச்சவர், ஆனா மகனும் மகளும் விட மனசில்லாம டியூப் போடச் சொல்லிடுவாங்க. அப்புறம் ராபி தன் குரு சொல்லிக்குடுத்த ஒரு ஹவாய் வழக்கத்தைச் சொல்வார், போறவங்க கிட்ட நாலே நாலு விஷயம் சொல்லணும், உங்க மேல பாசம், நன்றி, உங்களை மன்னிச்சிட்டேன், என்னையும் மன்னிச்சிருங்க. அண்ணன் ஊருக்கு வந்திருந்தப்போ இதை அவனோட உக்காந்து பார்த்தேன், அந்த மகன் மகள் வாக்குவாதம் வந்ததும் அண்ணன் ரிமோட்டை எடுத்து பாஸ் போட்டுட்டு, அன்னிக்கு நான் பயந்துட்டேண்டா, அவ்ளோதான், உனக்கு எதிரா பண்ணல அப்படின்னான். எனக்கு அதுக்கு முன்னாடி அது தெரியாது. அன்னிக்கு ராத்திரியே மிச்ச எபிசோடை ஆரம்பிச்சு ரெண்டு நாள்ல ஃபினாலே வரைக்கும் பார்த்து முடிச்சோம். அப்புறம் அம்மாவையும் உக்கார வெச்சு, அவங்களுக்கு என்ன வேணும்னு கேட்டு எழுதி வாங்கினோம், நம்ம ஊர்லயும் இப்படி முன்கூட்டியே எழுதி வைக்குறதை (லிவிங் வில்) 2018ல சுப்ரீம் கோர்ட் அனுமதிச்சு, 2023ல நடைமுறையைக் கொஞ்சம் சுலபமாக்கிருச்சு, நிறைய பேருக்கு இது தெரியாது, தெரிஞ்சுக்கோங்க.

இப்ப குறை. மீசல்ஸ், அதாவது தட்டம்மை வந்த பையனோட கதை கடைசி ரெண்டு எபிசோட்ல வருது, அம்மாக்காரங்க இன்டர்நெட்ல படிச்சதை நம்பி முதுகுல ஊசி போட்டு டெஸ்ட் எடுக்க விட மாட்டேங்குறாங்க, ராபி கோவத்துல அந்த அப்பாவை பிள்ளைங்க ரூமுக்கு கூட்டிட்டுப் போய் துப்பாக்கிச் சூட்டுல இறந்தவங்களைப் போத்தி வெச்சிருக்குறதைக் காட்டுறார். டாக்டரா அது தப்பான காரியம், சீரியலும் அவரை அங்க நியாயப்படுத்தல, சரி, ஆனா அதுக்கு முன்னாடி வர்ற வாக்குவாதம் கிளாஸ் எடுக்குற மாதிரியே இருக்கும், பார்க்கப் பார்க்க அது இன்னும் பலவீனமாத்தான் தெரியுது. அதே மாதிரி வேலை முடிஞ்சதும் எல்லாரையும் நிக்க வெச்சு ராபி பேசுற பேச்சும் ரெண்டு வரி குறைச்சிருக்கலாம். ஆனா அந்த ரூம் மட்டும் விட மாட்டேங்குது. சுவத்துல விலங்கு பொம்மை வரைஞ்ச பிள்ளைங்க ரூம், ஆடம்சன் இறந்ததும் அங்கதான், லியாவை வெச்சிருந்ததும் அங்கதான், ராபி முதல்லேர்ந்தே அதுக்குள்ள போகத் தயங்குறார். திரும்பப் பார்க்கும்போது முதல் எபிசோட்லேர்ந்தே அவர் அந்தக் கதவைக் கடக்குறதை கவனிச்சுப் பாருங்க, ஃபினாலேல அவர் இன்னொருத்தரை அதுக்குள்ள இழுத்துட்டுப் போறது எவ்ளோ பயங்கரம்னு அப்பத்தான் புரியும்.

ரெண்டாவது சீசன் 2026 ஜனவரில ஆரம்பிச்சது, ஜூலை 4 அன்னிக்கு நடக்குற கதை, லாங்டன் சிகிச்சை முடிஞ்சு திரும்பி வர்ற முதல் நாள். அதுக்குப் போறதுக்கு முன்னாடி முதல் சீசன் ஃபினாலேவை ஒரு தடவை திரும்பப் பார்த்துட்டுப் போனா ராபியும் லாங்டனும் ஒருத்தரை ஒருத்தர் எப்படிப் பார்க்குறாங்கன்னு நல்லா பிடிபடும்.

பார்க்கப்போறவங்களுக்கு ரெண்டு விஷயம். மொத்தத்தையும் ஒரே மூச்சுல பார்க்காதீங்க, 12, 13, 14 மூணையும் ஒரு நாள், ஃபினாலேவை மட்டும் அடுத்த நாள்னு வெச்சுக்கோங்க, உடனே போட்டா அதோட நிதானம் உங்களுக்கு ஏறாது. ரத்தம், வெட்டு, தையல் எல்லாம் மறைக்காம காட்டுவாங்க, சாப்பாட்டு நேரத்துல வேண்டாம், குழந்தைங்க பக்கத்துல இருக்கும்போதும் வேண்டாம். வீட்ல சமீபத்துல யாரையாச்சும் ஐசியூல இழந்தவங்க கொஞ்ச மாசம் தள்ளிப் போடுங்க, பார்க்கும்போது அந்த முடிவை உங்களோட சேர்ந்து எடுத்தவங்க யாரோ அவங்களையும் கூப்பிட்டு உக்கார வெச்சுக்கோங்க.