ஹீட்டர் கோர் அடைத்துவிட்டால்: கழுவுவதா, மாற்றுவதா?

வெளியே மைனஸ் 12. எஞ்சின் சூடு காட்டும் முள் நடுவில் நிற்கிறது, ஃபேன் முழு வேகத்தில் இரைகிறது, வென்ட்டில் வருவதோ ஐஸ்பெட்டிக் காற்று. டொராண்டோ, மொன்றியால் பக்கம் பத்து வருடப் பழைய கார் ஓட்டுபவர்களுக்கு டிசம்பரில் இது பழகிய தொல்லை. கராஜில் கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் வரும். "கோர் அடைச்சிருக்கு, கழுவிப் பார்க்கலாம்" என்பது ஒன்று. "டேஷ்போர்டைக் கழற்றிப் புதுசு போட்டுடலாம்" என்பது இன்னொன்று. கோர் என்பது டேஷ்போர்டுக்குள் எஞ்சினின் சுடுநீர் ஓடி, வென்ட்டில் ஊதும் காற்றைச் சூடாக்கும் பெட்டி. முதலாவதை வீட்டு வாசலிலேயே செய்தால் நூறு டாலருக்குள் முடியும். இரண்டாவது பல கார்களில் ஆயிரத்தைத் தாண்டும். கோர் ஒழுகாத வரைக்கும் என் கட்சி கழுவுவதுதான். காசு மட்டும் காரணமில்லை.

அதற்கு முன்னால், பழுது கோரில்தானா என்று பார்த்துவிட வேண்டும். எஞ்சின் முழுக்க ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கழுத்து வரை இருக்கிறதா பாருங்கள். ஓவர்ஃப்ளோ டப்பாவில் அளவு சரியாக இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பல கார்களில் ஹீட்டர் கோர் உயரத்தில் இருப்பதால், ஒரு லிட்டர் குறைந்தாலே முதலில் அதில்தான் காற்று நிற்கும். ஹைவேயில் ஓடும்போது முள் நடுக்குக் கீழே இறங்கினால் சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அது மலிவான வேலை.

இரண்டும் சரியென்றால் ஃபயர்வாலுக்குப் போங்கள். எஞ்சின் அறையின் பின்சுவரில் கட்டைவிரல் தடிமனில் இரண்டு ரப்பர் ஹோஸ் உள்ளே போகும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சினை 15 நிமிடம் ஓடவிட்டு, இரண்டையும் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத அளவுக்கு இரண்டும் சுட்டால் சுடுநீர் தடையின்றிப் போய்வருகிறது. கோளாறு பிளெண்ட் டோரில், அதாவது சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் கதவில். டேஷ்போர்டுக்குள் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் அதை ஆட்டும் சிறு மோட்டாரான ஆக்சுவேட்டரின் பிளாஸ்டிக் பற்கள் தேய்ந்திருக்கும். இரண்டுமே ஆறிக் கிடந்தால் கூலன்ட் குறைவு, காற்றுப்பூட்டு (குழாயில் காற்று நின்று ஓட்டத்தைத் தடுப்பது), வாட்டர் பம்ப், கோருக்குப் போகும் சுடுநீரைத் திறந்து மூடும் ஹீட்டர் வால்வு என்று தேட வேண்டும். ஒன்று சுட்டு, மற்றது வெதுவெதுப்பாக இருந்தால்தான் அடைப்பு. ஹீட்டர் வால்வு உள்ள காராக இருந்தால் அது முழுக்கத் திறக்கிறதா என்பதையும் இந்த இடத்திலேயே பார்த்துவிடுங்கள்.

கைக்குப் பதில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது நல்லது. உள்ளே போகும் ஹோஸ் 85 டிகிரி, வெளியே வருவது 70 என்றால் கோர் நன்றாக இருக்கிறது. 85-க்கு 45 என்றால் சந்தேகமே வேண்டாம். பளபளக்கும் அலுமினியக் குழாயில் இந்தக் கருவி பொய் சொல்லும். கறுப்பு ரப்பரில் காட்டுங்கள், இல்லையென்றால் குழாயில் கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் காட்டுங்கள். இரட்டை மண்டல ஹீட்டர் (இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிச் சூடு) உள்ள மினிவேன்களில் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிராகவும் வந்தால் எல்லோரும் ஆக்சுவேட்டரைத்தான் சந்தேகிப்பார்கள். கோரின் பாதி வரிசைகள் அடைத்தாலும் இதே அறிகுறிதான். ஹோஸ் சூட்டை அளக்காமல் ஆக்சுவேட்டர் வாங்காதீர்கள்.

இனி கழுவுவதற்கு வருவோம்.

கோர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர். தட்டையான, மெல்லிய குழாய் வரிசைகள். மொத்தமாக ஒரு லிட்டர்கூடப் பிடிக்காது. எஞ்சினில் சுற்றும் துரு, காலாவதியான கூலன்ட்டின் சேறு, ஒழுகலை அடைக்க யாரோ ஒருகாலத்தில் ஊற்றிய ஸ்டாப்-லீக் மருந்து, ஒத்துப்போகாத இரண்டு கூலன்ட்களைக் கலந்ததில் வந்த கசடு எல்லாம் நீரோட்டம் மெதுவாக இருக்கும் இந்த இடத்தில் வந்து படியும். சில எஞ்சின்களில் வார்க்கும்போது தங்கிப்போன மணல்கூட இங்கே வந்து சேரும் என்பார்கள் மெக்கானிக்குகள்.

கழுவும் முறையைப் பார்ப்போம். பெரும்பாலான கார்களுக்கு 16 மில்லிமீட்டர், அதாவது 5/8 அங்குல உள்விட்டமுள்ள, ஒளி ஊடுருவும் வினைல் குழாய் இரண்டு மீட்டர் வேண்டும். கண்ணாடி போன்ற குழாய் எதற்கென்றால், வெளியே வருவது என்ன நிறம் என்று பார்ப்பதற்கு. எஞ்சின் ஆறியபின் கிளாம்பைத் தளர்த்துங்கள். பழைய ஹோஸ் குழாய் முனையில் ஒட்டிப் பிடித்திருக்கும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்வது: பிளையர் போட்டுத் திருகினால் கோரின் அலுமினிய முனை உள்ளே இணைப்பில் விரிசல் விடும், கழுவ வந்தவர் டேஷ்போர்டைக் கழற்ற வேண்டியதாகிவிடும். ஹோஸை நீளவாக்கில் கத்தியால் கீறி வாழைப்பழத் தோல்போல உரித்துவிடுங்கள். ஹோஸ் போனால் இருபது டாலர், அவ்வளவுதான். ஃபயர்வாலில் பிளாஸ்டிக் விரைவு இணைப்பான் உள்ள மாடலாக இருந்தால் அது உடையும் என்றே எண்ணி, மாற்று ஒன்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

அடுத்து அழுத்தம். ரேடியேட்டர் மூடி பொதுவாக 13 முதல் 16 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு) வரைதான் தாங்கவிடும். கோர் வாழ்ந்து பழகியது அந்த அழுத்தத்தில். வீட்டுத் தோட்டக் குழாயில் 40, 60 பிஎஸ்ஐ வரும். மறுமுனை திறந்திருந்தாலும் உள்ளே அடைப்பு இருப்பதால் அழுத்தம் ஏறும். ஆகவே கால்வாசி மட்டும் திறந்து, வெளியேறும் குழாயிலிருந்து முதலில் எதிர்த்திசையில் தண்ணீர் விடுங்கள். பழுப்பு நிறச் சேறும் செதிலும் வரும். தெளிந்ததும் திசையை மாற்றுங்கள். இப்படி ஐந்தாறு முறை. கம்ப்ரஸர் காற்றை 100 பிஎஸ்ஐயில் அடிப்பவர்கள் உண்டு; அடித்தபின் கோர் பிளந்து கார்ப்பெட் நனைந்தால் ஆச்சரியப்படக் கூடாது.

வெறும் தண்ணீருக்கு அசையாத துருவும் சுண்ணாம்பும் சிட்ரிக் அமிலத்துக்கு இளகும். ஒரு லிட்டர் சுடுநீருக்கு 50 கிராம், இரண்டு குழாயையும் தூக்கிக் கட்டி கோரை நிரப்பி, 20 முதல் 30 நிமிடம். ராத்திரி முழுக்க ஊறவிட்டால் அலுமினியத்தையும் அரிக்கும். பிறகு குறைந்தது இருபது லிட்டர் நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். பலன் கிடைத்ததா என்று அறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. தோட்டக் குழாயை ஒரே அளவில் திறந்து வைத்து, பத்து லிட்டர் வாளி நேரடியாக நிரம்ப எத்தனை நொடி, கோர் வழியாக நிரம்ப எத்தனை நொடி என்று கழுவுவதற்கு முன்னும் பின்னும் எண்ணுங்கள். பின்னால் இரண்டு எண்ணிக்கையும் நெருங்கி வந்திருக்க வேண்டும். அமிலத்துக்கும் நகராதது ஸ்டாப்-லீக் அடைப்பு, அதிலும் சிலிகேட் வகை. அங்கே கழுவுவது தோற்கும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

புதுக் கோர் போடுவதில் பொருள் ஒன்றும் விலையில்லை. அறுபதிலிருந்து நூற்றைம்பது டாலருக்குக் கிடைக்கும். கூலிதான் ஆளை அடிக்கும். சில கார்களில் ஓட்டுநர் காலடிப் பக்கமாகவே இரண்டு மூன்று மணி நேரத்தில் உருவிவிடலாம். பல கார்களில் ஸ்டீயரிங் தூணை இறக்கி, ஏர்பேக் இணைப்புகளைக் கழற்றி, டேஷ்போர்டை முழுதாக வெளியே எடுத்து, ஏசி வாயுவை முறைப்படி கருவியால் உறிஞ்சி, ஹீட்டர் பெட்டியைப் பிளந்தால்தான் கோர் கைக்கு வரும். ஆறு முதல் பத்து மணி நேர வேலை. மணிக்கூலி நூறு டாலருக்குமேல் போகும் ஊரில் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். குளிரில் பிளாஸ்டிக் கொக்கிகள் பொடியாகும். மாட்டியபின் டேஷ்போர்டு கிறீச்சிடுவது சாதாரணம். மலிவு கோர்களில் குழாய் வரிசையும் அவற்றின் இடையே உள்ள மெல்லிய உலோகத் தகடுகளும் குறைவாக இருக்கும். கோரைச் சுற்றியிருந்த நுரைப்பட்டையைத் திரும்ப ஒட்டாமல் விட்டால் காற்று கோருக்குள் போகாமல் ஓரமாக நழுவி, புதுக் கோரும் வெதுவெதுப்பாகத்தான் ஊதும்.

இதையெல்லாம் தாண்டி முடிவைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: கசடு கோரில் மட்டும் இல்லை. எஞ்சின் பிளாக், ரேடியேட்டர், ஹோஸ் எல்லாவற்றிலும் இருக்கிறது. கோரில் இருப்பது அங்கிருந்து வந்து தங்கியது. பழைய நீரிலேயே புதுக் கோரை மாட்டினால் அதே சேறு அதே குழாய்களுக்குள் வரும். அடுத்த குளிர்காலமோ அதற்கடுத்ததோ மறுபடி ஐஸ்பெட்டிக் காற்று, ஆனால் இம்முறை ஆயிரம் டாலர் செலவழித்தபிறகு. அதாவது மாற்றினாலும் கழுவியே ஆக வேண்டும். எப்படியும் செய்ய வேண்டிய வேலையை முதலில் செய்து பார்ப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. பெரும்பாலும் அதோடு வேலை முடிந்துவிடும். புதுக் கோர் போட்டுத் தருகிறேன் என்னும் கராஜில் "சிஸ்டம் ஃப்ளஷ் இதில் சேர்த்தியா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு கராஜ் பாருங்கள்.

இதே காரணத்தால் கோரை மட்டும் கழுவி நிறுத்துவதும் அரைவேலைதான். ரேடியேட்டரை வடித்து, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி பிளாக்கிலும் தண்ணீர் ஓட்டி, கடைசி அலசலுக்கு டிஸ்டில்ட் வாட்டர் போட்டு, புதுக் கூலன்ட் ஊற்றுங்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பிளாக்கின் அடியில் மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் வடியாமல் நிற்கும். கடையில் விற்கும் 50:50 கலவையை அதன்மேல் ஊற்றினால் விகிதம் நீர்த்துப்போகும். மொத்தக் கொள்ளளவு பத்து லிட்டர் என்றால், கலக்காத கூலன்ட் ஐந்து லிட்டரை முதலில் ஊற்றிவிட்டு மீதியை டிஸ்டில்ட் வாட்டரால் நிரப்புங்கள். சரியான 50:50 கலவை மைனஸ் 37 வரை உறையாது; கலவையின் உறைநிலையைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிடுங்கள். கூலன்ட் எந்த வகை என்பதைக் காரின் கையேட்டில் பாருங்கள், நிறத்தை நம்பாதீர்கள். வடித்ததைச் சாக்கடையில் விட வேண்டாம்: கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கினால் சாகும். அபாயகரக் கழிவு வாங்கும் நகராட்சி நிலையத்தில் கொடுத்துவிடலாம்.

கழுவிய கோர் எத்தனை குளிர்காலம் தாங்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். துருவால் வந்த அடைப்பென்றால், இப்படி முழுசாகக் கழுவியபின் நெடுநாள் ஓடலாம். வார்ப்பு மணலோ ஸ்டாப்-லீக்கோ என்றால் வருடா வருடம் கழுவ வேண்டி வரலாம். மூன்றாம் தடவையில் மாற்றுவது பற்றி யோசிப்பது நியாயம்.

ஒழுகும் கோருக்கு இந்த வாதம் எதுவும் பொருந்தாது. காருக்குள் தித்திப்பு வாடை, கண்ணாடியில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம், முன்சீட்டுக் காலடிக் கார்ப்பெட்டில் பிசுபிசுப்பு — இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மாற்றத்தான் வேண்டும். ஸ்டாப்-லீக் ஊற்றி ஒப்பேற்றினால் நல்ல ரேடியேட்டரும் சேர்ந்து அடைக்கும். இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்து கோரைத் தவிர்த்துவிடுவது கோடைக்குச் சரி. பனியில் முன்கண்ணாடியைத் தெளிவாக்க வழி இருக்காது. சிகரெட் லைட்டரில் செருகும் மின்ஹீட்டர் பற்றியும் கேட்கிறார்கள். 12 வோல்ட், 15 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் அதிகபட்சம் 180 வாட். நல்ல கோர் தருவது பல கிலோவாட். ஊட்டியில் ஒரு காலைப் பொழுதை அதை வைத்து ஓட்டிவிடலாம். ஒண்டாரியோவில் விரல் நுனிகூடக் காயாது.

கடைசி எச்சரிக்கை, வேலையைச் சனிக்கிழமை பாதியில் விட்டுவிட்டு ஞாயிறு தொடர நினைப்பவர்களுக்கு. கழுவிய தண்ணீர் கோருக்குள் தங்கிய நிலையில் இரவு மைனஸ் 10-க்குப் போனால் உறைந்து குழாயைப் பிளந்துவிடும். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் வாயால் ஊதி முடிந்தவரை வெளியேற்றி, கலக்காத கூலன்ட்டைப் புனலில் ஊற்றி, மறுமுனையில் அதன் நிறம் வரும்வரை விடுங்கள். எல்லாம் மாட்டியபின் காரின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தி, ரேடியேட்டர் வாயில் புனல் வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு, குமிழ் வருவது நிற்கும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். நடு வென்ட்டில் தெர்மாமீட்டர் செருகினால் 50 டிகிரிக்கு மேல் காட்ட வேண்டும். வண்டி ஓடும்போது சூடு வந்து, சிக்னலில் நின்றதும் ஆறினால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது. எஞ்சின் ஆறியதும் மூடியைத் திறந்து மறுபடி நிரப்புங்கள்.