வொலொதிமிரா, விளாதிமிரா? ஒரே பெயரின் இரண்டு உருவங்கள்

தமிழ் நாளிதழில் உக்ரைன் போர் பற்றிய செய்தி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பத்தியில் 'விளாடிமிர் புதின்' இருப்பார், அடுத்த பத்தியில் 'வோலோடிமிர் ஜெலன்ஸ்கி' வருவார். படிக்கிறவருக்கு இவை இரண்டு வேறு பெயர்கள். ஆனால் கீவ் நகரின் உக்ரைனியப் பத்திரிகையில் இருவருமே வொலொதிமிர். மாஸ்கோவின் ரஷ்யப் பத்திரிகையில் இருவருமே விளாதிமிர். அந்த இரண்டு மொழிகளும் ஒன்றின் ஆள்பெயரை இன்னொன்று தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். உக்ரைனிய மிக்கோலா ரஷ்ய மொழிக்குப் போனால் நிக்கலாய் ஆகிவிடுவார், அந்திரீய் அந்திரேய் ஆவார். சோவியத் காலத்தில் உக்ரைனில் கொடுத்த பாஸ்போர்ட்டில் ஒரே ஆளின் பெயர் உக்ரைனியத்தில் ஒரு மாதிரியும் ரஷ்யத்தில் இன்னொரு மாதிரியும் எழுதப்பட்டிருக்கும்.

தமிழில் எழுதுகிறவர் முன்னால் இப்போது மூன்று வழிகள் இருக்கின்றன. எல்லோரையும் பழகிய 'விளாதிமிர்' ஆக்கிவிடுவது முதல் வழி. ஆங்கில எழுத்தைப் பார்த்து 'வோலோடிமிர்' என்று போடுவது இரண்டாவது. உக்ரைனியர் சொல்கிறபடி 'வொலொதிமிர்' என்று எழுதுவது மூன்றாவது. உக்ரைனியரைப் பொறுத்தவரை மூன்றாவதுதான் சரி என்பது என் கட்சி. ஆனால் இந்தப் பெயரோடு வாழ்ந்தவர்களை ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தால், எல்லோருக்கும் ஒரே விதி பொருந்தாது என்பதும் தெரியும்.

முதலில் ஒரு தப்பான எண்ணத்தைக் களைய வேண்டும். விளாதிமிர்தான் மூலம், வொலொதிமிர் அதன் உள்ளூர்த் திரிபு என்று பலர் நினைக்கிறார்கள். வரலாறு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. உக்ரைனியம், ரஷ்யம், பல்கேரியம் எல்லாவற்றுக்கும் தாயான பழைய ஸ்லாவிய மொழியில் 'வொல்த்' என்பது ஆளுதல் என்ற பொருள் தரும் வேர். உக்ரைனியர், ரஷ்யர், பெலருசியரின் முன்னோரான கிழக்கு ஸ்லாவியர் லகரத்துக்குப் பிறகு ஓர் உயிரைச் சேர்த்து அதை 'வொலொத்' என்று சொன்னார்கள். பல்கேரியா பக்கத்துத் தெற்கு ஸ்லாவியர் எழுத்துகளை இடம் மாற்றி 'விளாத்' என்றார்கள். இது ஒரு பெயருக்கு மட்டும் நடந்ததில்லை. உக்ரைனியத்தில் பால் 'மொலொகோ', பல்கேரியத்தில் 'ம்லியாகோ'. தலைக்கு இங்கே 'ஹொலொவா', அங்கே 'கிளவா'. தங்கத்துக்கு இங்கே 'சொலொதோ', அங்கே 'ஸ்லாதோ'. இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் விளாதிமிர் என்பது தெற்கத்திய வடிவம் என்று உடனே விளங்கும். அது வடக்கே வந்தது தேவாலயப் புத்தகங்களின் வழியாக. பல்கேரியாவில் வளர்ந்த திருச்சபை ஸ்லாவிய மொழிதான் கீவில் வழிபாட்டு மொழியாயிற்று. அந்த ஏட்டு மொழியோடு பெயரின் ஏட்டு வடிவமும் வந்து சேர்ந்தது.

கிறிஸ்தவ மதத்தைக் கீவுக்குக் கொண்டுவந்தவரே இந்தப் பெயரின் தலையாய ஆள், மகா வொலொதிமிர். 988இல் ஞானஸ்நானம் பெற்று, கீவ் மக்களையும் பெற வைத்த இளவரசர், 1015இல் இறந்தார். அவர் அடித்த வெள்ளிக்காசுகள் இன்றும் இருக்கின்றன. ஒரு பக்கத்தில் கையில் சிலுவையோடு அரியணையில் உட்கார்ந்த ஆள், மீசை தெரியும்படி. பல காசுகளின் மறுபக்கத்தில் ஒரு திரிசூலம். 1992இல் உக்ரைன் தன் அரசு முத்திரையாக எடுத்துக்கொண்டது இந்தத் திரிசூலத்தைத்தான். காசைச் சுற்றி ஓடும் எழுத்து 'விளாதிமிர் அரியணையில், இது அவருடைய வெள்ளி' என்று சொல்கிறது. ஆமாம், காசில் இருப்பது விளாதிமிர்தான், இதை மறைக்கக் கூடாது. ஆனால் வெள்ளி என்ற சொல்லையும் கவனியுங்கள். பேச்சு வடிவமான 'செரெப்ரோ' அங்கே இல்லை, 'ஸ்ரெப்ரோ' என்ற திருச்சபை வடிவம்தான் இருக்கிறது. காசு முழுக்க ஏட்டு மொழியில் பேசுகிறது.

பேச்சு மொழி எப்படி இருந்தது என்பதற்கும் சாட்சி உண்டு. 1056-57இல் எழுதி முடித்த ஒஸ்த்ரோமிர் நற்செய்தி ஏடு முழுக்கத் திருச்சபை மொழியில் இருக்கிறது. ஆனால் படியெடுத்தவர் கடைசியில் தன் காலத்து இளவரசர்களைக் குறிப்பிடும்போது 'வொலொதிமிர்' என்றே எழுதுகிறார். அதைவிட நேரான சாட்சி இளவரசர் வொலொதிமிர் மொனொமாக் (1053–1125). பிள்ளைகளுக்கு அறிவுரையாக அவர் எழுதி வைத்ததில், ஞானஸ்நானத்தில் எனக்கு வசீலி என்று பெயர், ரூஸ் (கீவைத் தலைநகராகக் கொண்ட அன்றைய நாடு) பெயர் வொலொதிமிர் என்று தன்னைத்தானே அறிமுகப்படுத்திக்கொள்கிறார். ஒரு பெயர் எந்த மண்ணுக்குரியது என்பதற்கு, அதைத் தாங்கியவரே கொடுத்த வாக்குமூலத்தைவிட வேறென்ன வேண்டும்?

இதை வைத்துக்கொண்டு, அந்த வடிவம் உக்ரைனியருக்கு மட்டும் சொந்தம் என்று நான் சொல்ல மாட்டேன். ரஷ்யர், பெலருசியர், உக்ரைனியர் மூவருக்கும் அது பொதுச்சொத்தாக இருந்தது. பெலருசியர் அதை 'உளாத்சிமிர்' ஆக்கிக்கொண்டார்கள். ரஷ்யர் ஏட்டு வடிவத்தை நிலைநாட்டினார்கள், ஆனால் வீட்டுக்குள் பழையது தங்கிவிட்டது. ரஷ்யத் தாய் தன் விளாதிமிரை 'வொலோத்யா' என்றுதான் கூப்பிடுகிறாள். லெனினும் சின்ன வயதில் வீட்டில் வொலோத்யாதான். செல்லப்பெயரில் ஒளிந்துகொண்டிருக்கும் அந்த 'வொலொ' உக்ரைனில் முழுப்பெயரிலும் தப்பிப் பிழைத்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் பெரிய வித்தியாசம்.

சரி, தமிழில் எழுதும் விஷயத்துக்கு வருவோம். 'டி'யா 'தி'யா? இந்த மொழிகளில் அந்த எழுத்தை நாக்கு பல்லைத் தொட்டுத்தான் சொல்கிறார்கள். நம் தகரத்தின் இடமும் அதுவே. ஆங்கிலக்காரர் நாக்கைக் கொஞ்சம் மேலே வைப்பதால் நம் காதுக்கு டகரமாகக் கேட்கிறது, அப்படியே 'டி' என்று எழுதிவிடுகிறோம். தஸ்தயேவ்ஸ்கி என்று த போட்டு எழுதிய பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கவனமாக இருந்தார்கள். அப்புறம் 'வோலோ' என்ற நெடில். உக்ரைனியத்தில் அழுத்தம் விழுவது 'தி' மேல்; அதற்கு முன் உள்ள இரண்டு ஒகரங்களையும் நீட்டத் தேவையில்லை. குறில் ஒகரம் தமிழில் இருக்கும்போது அதை விட்டுவிட்டு நெடிலுக்குப் போவானேன்? நம் வகரமும் அவர்கள் வகரமும்கூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆக, இந்தப் பெயரைப் பொறுத்தவரை ஆங்கில எழுத்தைவிடத் தமிழ் எழுத்து உக்ரைனிய ஒலிக்கு நெருங்கி வருகிறது.

இன்னொரு ஒற்றுமையும் எனக்கு மிகவும் பிடிக்கும். ரஷ்ய மொழி விளி வேற்றுமையைக் கிட்டத்தட்ட இழந்துவிட்டது. விளாதிமிரை நேரில் கூப்பிட்டாலும் விளாதிமிர்தான். உக்ரைனியத்தில் விளி வேற்றுமை இன்றும் உயிரோடு இருக்கிறது, பள்ளியில் இலக்கணமாகச் சொல்லித் தருகிறார்கள். வொலொதிமிரை அவர்கள் 'வொலொதிமிரே' என்று கூப்பிடுகிறார்கள், கடைசியில் குறில் எகரத்தோடு. நாமும் எட்டாம் வேற்றுமையில் ஏகாரம் சேர்த்து 'வொலொதிமிரே' என்றுதானே கூப்பிடுவோம்! மொழிகளுக்குள் உறவு ஒன்றும் இல்லை, தற்செயல்தான். இருந்தாலும் முதல்முறை அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பெயரின் பின்பாதியான 'மிர்' என்பதற்கு எல்லோரும் 'அமைதி' அல்லது 'உலகம்' என்று பொருள் சொல்வார்கள். 'உலகை ஆள்பவன்' என்று குழந்தைப் பெயர்ப் பட்டியல்களில் வருவது அதனால்தான். ஆனால் பழைய ஏடுகளில் பல இடங்களில் 'வொலொதிமேர்' என்று இருக்கிறது. அந்த 'மேர்' பெருமை, புகழ் என்ற பொருள் கொண்ட வேறொரு சொல்லோடு தொடர்புடையது என்பார்கள் சொல்லாராய்ச்சிக்காரர்கள். ஆட்சியால் புகழ்பெற்றவன் என்று எடுத்துக்கொள்வது பொருந்தும். மிர் வந்தது பிற்பாடு, ஒலி ஒத்துப்போனதால்.

இப்போது ஆட்கள். இளவரசர் வொலொதிமிரை இரண்டு தலைநகரங்களும் சொந்தம் கொண்டாடுகின்றன. கீவில் நீப்ரோ ஆற்றைப் பார்த்தபடி குன்றின் மேல் பெரிய சிலுவையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சிலை 1853இல் வைத்தது. மாஸ்கோவில் கிரெம்ளின் மதிலுக்கு அருகே நிற்கும் சிலை 2016 நவம்பரில் திறந்தது. கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்டு இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். இளவரசர் ஞானஸ்நானம் பெற்றதாகச் சொல்லப்படும் கெர்சொனெஸ் கிரிமியாவில்தான் இருக்கிறது. அவர் ஆண்டது கீவிலிருந்து. அவர் காலத்தில் மாஸ்கோ என்ற பெயரே எந்த ஏட்டிலும் இல்லை, முதல் குறிப்பு 1147இல்தான் வருகிறது. அவரை வொலொதிமிர் என்று எழுதுவதில் எனக்குத் தயக்கமே இல்லை. மொனொமாக்கும் அப்படியே, அவர் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். அவருடைய கொள்ளுப்பேரன் டென்மார்க்கில் பிறந்து, அவர் பெயரையே வால்டெமார் என்ற உருவத்தில் சூட்டிக்கொண்டு, அந்த நாட்டின் அரசனானான். டென்மார்க் அரச வரிசையில் வரும் வால்டெமார்கள் எல்லோருக்கும் தொடக்கம் கீவில் இருக்கிறது.

கஷ்டமான ஆள் வெர்னாத்ஸ்கி. உயிர்க்கோளம் என்ற கருத்தை அறிவியலில் ஆழமாக நிலைநிறுத்திய புவிவேதியியலாளர். 1863இல் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார், 1945இல் மாஸ்கோவில் இறந்தார், முக்கியமான நூல்களை ரஷ்ய மொழியில் எழுதினார். இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் விளாதிமிர். ஆனால் குடும்பத்தின் வேர் உக்ரைனில். 1918இல் கீவில் தொடங்கிய உக்ரைனிய அறிவியல் அகாதெமியின் முதல் தலைவர் அவர்தான். உக்ரைனின் தேசிய நூலகமும் அன்டார்டிகாவில் உள்ள ஆய்வு நிலையமும் அவர் பெயரைத் தாங்குகின்றன. 2019இல் வந்த 1000 ஹிரிவ்னியா (உக்ரைனின் பணம்) தாளில் அவர் முகம்தான், பக்கத்தில் வொலொதிமிர் என்ற பெயரோடு. 1 ஹிரிவ்னியா நாணயத்தில் மகா வொலொதிமிர். ஹிரிவ்னியாவின் மிகச் சின்ன மதிப்பிலும் மிகப் பெரிய மதிப்பிலும் இந்த ஒரே பெயர் இருக்கிறது. வெர்னாத்ஸ்கியின் ஆய்வைப் பற்றி எழுதினால் விளாதிமிர் என்றும், அகாதெமியைப் பற்றி எழுதினால் வொலொதிமிர் என்றும் எழுதுவேன். பெயர் முதன்முதலில் வரும் இடத்தில் மற்ற வடிவத்தையும் ஒரு வரியில் சொல்லிவிட்டால் வாசகர் குழம்ப மாட்டார். இரண்டில் ஒன்றை அழிப்பது அவருக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

பியானோ மேதை ஹோரோவிட்ஸ் 1903இல் கீவில் பிறந்தவர். 1925இல் நாட்டைவிட்டுப் போய், அமெரிக்காவில் நிலைத்து, உலகம் முழுக்க விளாதிமிர் என்ற பெயரிலேயே மேடையேறினார். அவர் தேர்ந்த பெயர் அது, விட்டுவிடலாம். குத்துச்சண்டை வீரர் கிளிச்கோவும் கொஞ்சம் அப்படித்தான். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் உக்ரைனுக்காகத் தங்கம் வாங்கியவர், அப்புறம் ஜெர்மனியில் தொழில்முறை வாழ்க்கை, அதனால் ஜெர்மன் எழுத்தில் விளாதிமிர். அந்தப் பெயரில்தான் உலகப் பட்டங்களை வென்றார். விளையாட்டுச் செய்தியில் அது நிலைத்துவிட்டது. உக்ரைனியத்தில் அவர் வொலொதிமிர் என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

ஆனால் இசையமைப்பாளர் வொலொதிமிர் இவாசியூக்கை விளாதிமிர் என்று எழுதினால் எனக்கு மனசு ஆறாது. 1949இல் செர்னிவ்சி பகுதியில் கித்ஸ்மான் என்ற சிற்றூரில் பிறந்து, உக்ரைனிய மொழிப் பாட்டை சோவியத் நாடு முழுக்கக் கேட்க வைத்தவர். 1979 ஏப்ரலில் காணாமல் போய், மே மாதம் லிவிவ் நகரத்துக்கு வெளியே காட்டில் பிணமாகக் கிடைத்தபோது வயது 30. தற்கொலை என்றது அரசு, ஊர் நம்பவில்லை. அவரைப் புதைக்க ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அந்தக் காலத்தில் அப்படிக் கூடுவதே ஓர் எதிர்ப்பு. தன் மொழிக்காக அவர் செய்ததையெல்லாம் சொல்லும் கட்டுரையில், பெயரை மட்டும் வேறு மொழியில் எழுதுவது எப்படிச் சரியாகும்?

ஜெலென்ஸ்கி 1978இல் கிரிவி ரிக் நகரில் ரஷ்ய மொழி பேசும் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் அவர் காதில் விழுந்தது வோவாவாகவும் வொலோத்யாவாகவும் இருந்திருக்கும். அந்தச் செல்லப்பெயர்கள் இரண்டு மொழிக்கும் பொது. ஆனால் நாட்டின் தலைவராகக் கையெழுத்திடுவது வொலொதிமிர் என்று. அந்தக் கையெழுத்தைத் தமிழில் அப்படியே எழுதினால் போதும். புதினை விளாதிமிர் என்று எழுதுவதும் அதே காரணத்தால் சரி.

ஊர்ப்பெயரிலும் இந்தக் கதை இருக்கிறது. மேற்கு உக்ரைனில் வொலீன் பகுதியில் வொலொதிமிர் என்று ஒரு பழைய நகரம். கிழக்கே ரஷ்யாவில் கிளியாஸ்மா ஆற்றங்கரையில் விளாதிமிர் நகரம். ரஷ்ய நகரத்தோடு குழம்பக் கூடாது என்று உக்ரைனிய நகரத்துக்கு நெடுங்காலம் 'வொலொதிமிர்-வொலீன்ஸ்கி' என்ற வால் ஒட்டியிருந்தது. அந்த நகரத்தின் பெயர்தான் லத்தீனில் 'லொதொமேரியா' ஆகி, 1772 முதல் 1918 வரை ஆஸ்திரியப் பேரரசின் ஒரு மாகாணப் பெயரில் இடம்பெற்றது. 2021 இறுதியில் உக்ரைன் நாடாளுமன்றம் வாக்களித்து வாலை எடுத்துவிட்டது. இப்போது வரைபடத்தில் அது வெறும் வொலொதிமிர்.