பாத மருவுக்குச் சூடா, குளிரா?

பாதத்தில் வரும் மருவைப் பலர் கால் ஆணி என்று நினைத்துவிடுகிறார்கள். அது ஹெச்பிவி (மனித பாப்பிலோமா வைரஸ்) என்ற வைரஸின் வேலை.

தோல் மருத்துவரிடம் போனால் உறையவைப்பது வழக்கம். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனைப் பீய்ச்சுவார். சில நொடிகளில் மரு வெள்ளையாக உறைந்துபோகும். அப்புறம் கொப்புளம், நடந்தால் வலி. இவ்வளவு பட்டும் பலன் குறைவு என்பதுதான் வருத்தம். 2011-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 12 வாரத்தில் மரு முழுதாகப் போனது 14 சதவீதம் பேருக்கு. மருவின் தோலை மெல்ல உரிக்கும் சாலிசிலிக் அமிலத்தை வீட்டிலேயே பூசியவர்களுக்கும் அதே 14 சதவீதம்தான்.

சூட்டு சிகிச்சை இதற்கு நேரெதிர். சீனாவின் ஷென்யாங் நகரில் நடந்த ஓர் ஆய்வில், கருவி மூலம் மருவின் மேல் 44 டிகிரி சூட்டை 30 நிமிடம் கொடுத்தார்கள். தொடர்ந்து மூன்று நாள், இரண்டு வாரம் கழித்து மேலும் இரண்டு நாள். மூன்று மாதத்தில் பாதிக்குச் சற்று அதிகமானவர்களுக்கு மரு மறைந்தது. சூடு பெறாத குழுவில் சுமார் 12 சதவீதம். மருவைச் சுட்டு அழிப்பதில்லை, உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடுவதுதான் இதன் நோக்கம்.

சிறிய ஆய்வுதான், குளிரோடு நேராக மோதிப் பார்க்கவும் இல்லை. ஆனாலும் கருவி கிடைத்தால் நான் சூட்டைத்தான் கேட்பேன். கிடைக்காவிட்டால் சாலிசிலிக் அமிலம். வெந்நீரில் காலை வைத்து நீங்களே முயல வேண்டாம், குறிப்பாகச் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள். கருப்பைவாயில் வரும் ஹெச்பிவி தொற்றுக்கு இந்த முடிவுகள் பொருந்தாது. அதற்குப் பரிசோதனையும் மருத்துவரும்தான் வழி.